வழிநூலும் வாகனமும்

நூல்களை முதல்நூல், வழிநூல், சார்புநூல் என மூவகைப்படுத்துவது தமிழ் இலக்கண மரபு. முன்னோர் நூலின் முடிவோடு ஒத்துச் சென்று, பின்வந்த ஆசிரியர் தாம் விரும்பிய வேறுபாடுகளையும் அமைத்துக்கொள்வது வழிநூல் என்பது நன்னூலார் கருத்து. தொல்காப்பியரோ வழிநூலைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்த்தல் என நால்வகையாக வகுத்தார். வழிநூல் செய்தவரைத் திருடர் என்று நம் முன்னோர் இகழ்ந்ததில்லை. தொல்காப்பியத்தை அடியொற்றி எழுந்த நன்னூலையே இன்றளவும் நாம் பாடமாக ஓதுகின்றோம். பல ஆண்டுகளாக இப்பகுதியை வகுப்பில் நடத்திவரும் எனக்கு, இதற்குப் பொருத்தமான எடுத்துக்காட்டு ஏட்டிலன்றி ஒரு மகிழுந்தில் கிடைத்தது.

நான் அம்பத்தூரில் பிறந்து வளர்ந்தவன். என் தந்தையார் தொழிற்பேட்டையில் லேத் பட்டறையொன்றில் கடைசல் வேலை செய்தவர். 1964ஆம் ஆண்டு உருவான அத்தொழிற்பேட்டையில் பிறர் தந்த வரைபடத்தைப் பார்த்து உறுப்புகள் செய்து கொடுப்பதே பல சிறு பட்டறைகளின் பிழைப்பு. அதற்கு முன்னரே, 1949இல் நிறுவப்பெற்ற டி.ஐ. சைக்கிள் நிறுவனம் ஆங்கிலேய மாதிரிகளைக் கொண்டு அம்பத்தூரில் மிதிவண்டிகளைச் செய்யத் தொடங்கிவிட்டது. 1960களின் தொடக்கத்தில் பாடியில் சக்கரத்திற்கும், மின்கருவிகளுக்கும், பிரேக்குக்கும் தனித்தனியே எழுந்த தொழிற்சாலைகளும் பிரித்தானிய நிறுவனங்களின் கூட்டுறவோடு பிறந்தவையே. ஆவடியிலிருந்து 1965இல் வெளிவந்த விஜயந்தா பீரங்கி வண்டியும் விக்கர்ஸ் என்னும் பிரித்தானிய நிறுவனத்தின் வடிவமைப்பே. ஆகவே, எங்கள் மேற்குப் புறநகர் முழுவதையும் வழிநூல்களின் நாடு என்று சொன்னால் மிகையாகாது.

"நாம் எதையும் வரைவதில்லையே, அப்பா?" என்று சிறு வயதில் ஒருநாள் கேட்டேன். தந்தையார் சினந்துகொள்ளவில்லை. "சாம்பிளைப் பார்த்துச் செய்கிறவனுக்குத்தான் சாம்பிளில் எங்கே குறை இருக்கிறது என்று தெரியும்" என்றார். அச்சொல்லின் ஆழம் பின்னாளில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு மகிழுந்தின் வரலாற்றைப் படித்தபோதே எனக்கு விளங்கிற்று.

சென்னைக்குத் தெற்கே வண்டலூரில் இயங்கிய ஸ்டாண்டர்டு நிறுவனம் 1961 முதல் ஹெரால்டு மகிழுந்தை உருவாக்கி வந்தது. அக்காலத்து மருத்துவர்களும் வழக்கறிஞர்களும் விரும்பி ஓட்டிய வண்டி அது. முன்சக்கரங்களின் மேலுள்ள மட்கார்டுகளும் பானெட்டும் ஒன்றாகவே முன்னோக்கிச் சாயும். எஞ்சினைச் சுற்றி நின்று பழுது பார்க்கலாம். இங்கிலாந்தில் 1959இல் டிரையம்ப் என்னும் பெயரில் வெளிவந்த இவ்வண்டிக்கு உருவம் கொடுத்தவர் ஆங்கிலேயர் அல்லர். இத்தாலியின் தூரின் நகரைச் சேர்ந்த ஜியோவன்னி மிக்கெலோட்டி என்பவர். ஃபெராரி நிறுவனத்தின் தொடக்கக்கால வண்டிகள் பலவற்றிற்கு உருவம் வரைந்த கையும் இதுவே. ஹெரால்டு பிறந்த அதே காலத்தில் மஸராட்டி நிறுவனத்துக்கு அவர் வரைந்த திறந்த கூரை வண்டி செல்வர்களின் கனவாயிற்று. ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குறுக்கி, அவர் வரைந்த மற்றோர் உடலைப் பொருத்தியபோது, 1962இல் ஸ்பிட்ஃபயர் என்னும் ஸ்போர்ட்ஸ் கார் பிறந்தது. நம் ஊர்ச் சாலையில் ஓடிய குடும்ப வண்டிக்கு இத்தகைய உறவுமுறை உண்டு என்பதை எத்தனை பேர் அறிவர்?

இத்தாலிய வண்டிகளுக்கிடையே இவ்வுறவு எவ்வாறு ஏற்பட்டது? கரூரில் பேருந்துக்கும் நாமக்கல்லில் லாரிக்கும் பாடி கட்டுவதை நாம் அறிவோம். அதுபோலவே ஃபெராரி, மஸராட்டி, ஆல்ஃபா ரோமியோ, லான்சியா முதலிய நிறுவனங்கள் அடிச்சட்டத்தையும் எஞ்சினையும் செய்து, பினின் ஃபரீனா, பெர்டோனே, கியா, விஞ்ஞாலே போன்ற பாடி கட்டும் பட்டறைகளுக்கு அனுப்பின. நிறுவனங்கள் களத்தில் போட்டியிட்டன, பட்டறையோ பொதுவாயிற்று. பினின் ஃபரீனா 1947இல் சிஸிட்டாலியா 202 என்னும் வண்டிக்கு மட்கார்டு, பானெட், உடல் யாவும் ஒரே வார்ப்புப் போல இழையும் உருவத்தைத் தந்தார். 1951இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் அதனைக் கலைப்பொருளாகவே காட்சிக்கு வைத்தது. பின்வந்தோர் பலர்க்கு அது முதல்நூல் ஆயிற்று.

வரைவோரும் ஒரு பட்டறையில் பயின்று மறு பட்டறைக்குச் சென்றனர். பெர்டோனேயில் பணிபுரிந்த ஜியுஜாரோ 1965இல் கியாவுக்குப் போனார். அவர் விட்டுச் சென்ற இடத்தில் கந்தினி அமர்ந்தார். மறு ஆண்டிலேயே முன்னவர் மஸராட்டி கிப்லியையும் பின்னவர் லம்போர்கினி மியூராவையும் உலகுக்கு அளித்தனர். நீண்டு தாழ்ந்த மூக்கும், பின்னே தள்ளிய இருக்கைப் பகுதியும் பல வண்டிகளில் காணப்படினும், ஒன்றை மற்றொன்றின் நகல் என்று எவரும் சொல்வதில்லை. ஒரே யாப்பில் பல புலவர் பாடினும் ஒவ்வொருவர் குரலும் தனியே கேட்பது போன்றது அது.

வண்டலூர் ஹெரால்டுக்கு மீள்வோம். அங்கிலத்து ஹெரால்டு இரு கதவு வண்டி. தாத்தா, பாட்டி, பிள்ளைகள் என ஏறி இறங்கும் நம் குடும்பத்துக்கு அது போதவில்லை. 1960களின் பிற்பகுதியில் நம்மவர்கள் அதனை நான்கு கதவு வண்டியாக்கினர். அவ்வடிவம் இந்தியாவுக்கே உரியது. தொல்காப்பியர் கூறிய விரித்தல் இதுவன்றோ!

அதே நிறுவனம் 1985இல் ஸ்டாண்டர்டு 2000 என்னும் வண்டியை வெளியிட்டது. அதன் உடல் இங்கிலாந்தின் ரோவர் எஸ்டி1 வண்டியினுடையது. அந்த ரோவரை வரைந்த டேவிட் பேச், ஃபெராரி டேடோனாவின் சாயலைத் தம் வண்டிக்குக் கொண்டுவந்தார். 1968இல் வெளிவந்த டேடோனாவோ பினின்ஃபரீனா பட்டறையின் ஃபியரவந்தி வரைந்தது. ஆக, ஃபெராரியின் முகச்சாயல் இரண்டு தலைமுறை கடந்து வண்டலூரை வந்தடைந்தது! ஆனால் உள்ளே வைத்த எஞ்சினோ பழைய வேன்கார்டு வண்டியின் வழிவந்தது. விலையோ மிகுதி, வேகமோ குறைவு. மூன்றே ஆண்டுகளில், 1988இல், அதன் உற்பத்தி நின்றது. புறத்தோற்றத்தை வாங்கியவர்கள் அதற்கேற்ற உள்ளீட்டைச் சேர்க்கவில்லை. ஹெரால்டில் நம்மவர் சேர்த்தது இரண்டே கதவுகளாயினும், அவை இங்குள்ளோர் தேவையிலிருந்து பிறந்தவை. இவ்விரண்டுக்கும் இடையேயுள்ள வேறுபாடே வழிநூலுக்கும் வெறும் படிக்கும் உள்ள வேறுபாடு.

பிறரிடம் கற்றுத் தனித்து நின்றவர்க்கும் சான்று நம் அருகிலேயே உண்டு. பூந்தமல்லியைக் கடந்து பெங்களூர்ச் சாலையில் சென்றால் இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் கார்களை உருவாக்கிவரும் ஹூண்டாய் தொழிற்சாலையைக் காணலாம். அந்தக் கொரிய நிறுவனம் போனி என்னும் முதல் சொந்த வண்டியைச் செய்ய முனைந்தபோது, உருவம் வரைய நாடியது தூரினில் இருந்த ஜியுஜாரோவையே. இரவல் வாங்க அது நாணவில்லை. இரவலோடு நின்றுவிடவும் இல்லை.

இவற்றையெல்லாம் நான் தேடிப் படிக்க நேர்ந்ததற்கு ஒரு மாணவன் காரணம். எங்கள் தெருவில் பாலிடெக்னிக் படிக்கும் அவன், தான் வரைந்த கார்ப் படமொன்றை ஒரு போட்டிக்கு அனுப்பினான். 'இத்தாலிய வண்டியின் நகல்' என்ற ஒற்றை வரியோடு அது திரும்பி வந்தது. "இனி வரையப் போவதில்லை, ஐயா" என்றான். அவன் தந்தையும் பட்டறைத் தொழிலாளி. வீட்டில் அவன் படத்தை ஊக்குவிப்பார் எவருமில்லை.

அவனை ஒரு தாளில் மூன்று பத்தி வரையச் சொன்னேன்: எடுத்தது, விட்டது, சேர்த்தது. முதற்பத்தி தாளின் அடிவரை நிறைந்தது. இரண்டாவதில் நான்கைந்து குறிப்புகள். மூன்றாவதில் இரண்டே வரிகள்: மழைநீர் தேங்கும் தெருவுக்காக உயர்த்திய அடித்தளம், முதியோர் குனியாமல் ஏறுவதற்கான உயர்ந்த கதவு. போட்டியாளர் சொன்னது முற்றிலும் பொய்யன்று என்பதை அத்தாளே காட்டியது. எனினும், அவ்விரண்டு வரிகளும் தூரினில் எவரும் எழுதியிருக்க இயலாதவை. "இவ்விரண்டையும் முதலில் வைத்துக்கொண்டு மீண்டும் வரை, தம்பி" என்றேன். இப்போது வரைந்துகொண்டிருக்கிறான்.

மாணவச் செல்வங்களே! கவிதையோ கட்டுரையோ இயந்திரமோ, எதனைப் படைக்க முற்படினும் முன்னோர் படைப்பைக் கூசாமல் கற்றுக்கொள்ளுங்கள். யாரிடம் கற்றோம் என்பதை மறையாமல் சொல்லுங்கள். பின்னர் அந்த மூன்று பத்திகளையும் நேர்மையோடு நிரப்பிப் பாருங்கள். மூன்றாம் பத்தி சிறிதாயிருப்பது இழிவன்று. அது வெறுமையாய் இருக்கும்வரை நம் படைப்பை வழிநூல் என்று அழைக்க நமக்கு உரிமையில்லை.