பாயும் எண்ணெயும் விளக்கும்

படிக்க வருகிற பிள்ளைக்குப் பாடம் மட்டும் போதுமா? போதாது. பசித்தால் சோறு, படுக்கப் பாய், தலைக்கு எண்ணெய், இருட்டினால் விளக்கு, காய்ச்சல் கண்டால் கஞ்சியும் மருந்தும் – இத்தனையும் சேர்ந்தால்தான் கல்வி என்ற ஒன்று பிள்ளையின் தலைக்குள் நுழையும். இதைச் சொன்னால், "மேல்நாட்டார் கற்றுக்கொடுத்த சங்கதி, கிளிப்பிள்ளைபோல் ஒப்பிக்கிறார்கள்" என்று எள்ளி நகையாடும் பழமைப் பண்டிதர்கள் இன்றும் உளர். அவர்களை நாம் நெடுந்தூரம் அழைக்கவில்லை. காஞ்சிபுரத்திலே பேருந்தேறி, வாலாஜாபாத்திலே இறங்கி, பாலாற்றை ஒட்டித் திருமுக்கூடல் வரையில் வந்தால் போதும். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற இடம் அது. அங்குள்ள வேங்கடேசப் பெருமாள் கோயிற் சுவரைப் படித்துப் பார்க்கட்டும்.

வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு அது. அவன் ஆண்டது 1063 முதல் 1070 வரை. வயலைக்காவூர் என்ற ஊரின் வருவாய் கோயிலுக்கு எழுதிவைக்கப்பட்டு, அந்த வருவாயிலே ஒரு பாடசாலை, மாணவர் தங்கும் விடுதி, 'வீரசோழன்' என்ற பெயரில் ஓர் ஆதுலசாலை ஆகியவை நடத்தப்பட்டன. ஆதுலசாலையில் 15 படுக்கைகள். மருத்துவர் உண்டு, அறுவை செய்பவர் உண்டு, மூலிகை கொணர்வோர் உண்டு, நோயாளியைப் பேணும் பெண்டிர் உண்டு. மாணவர்க்கு உணவுக்கு நெல், உறங்கப் பாய், சனிக்கிழமை தோறும் முழுக்காட எண்ணெய், இரவிலே எரிக்க விளக்கெண்ணெய். எதுவும் பொத்தாம் பொதுவாக இல்லை. எல்லாம் அளந்து, கணக்கிட்டு, கல்லிலே வெட்டப்பட்டிருக்கிறது.

அந்தச் சுவர்முன் நின்றபோது நமக்கு வியப்பு ஏற்பட்டது உண்மை. வீட்டைவிட்டு வந்து தங்கிப் படிக்கும் பிள்ளைக்கு இன்னின்ன தேவை என்பதை அறிய இந்த நாட்டிலே யாரும் எந்த வெளிநாட்டு நிபுணருக்காகவும் காத்திருக்கவில்லை. 950 ஆண்டுகட்கு முன்பே தெரிந்திருக்கிறது. பணம் இருந்தது, ஏற்பாடு இருந்தது, பரிவும்கூட இருந்தது.

ஆனால், தோழர்களே, வியப்பு அடங்கியதும் ஒரு கேள்வி எழுகிறது. அந்தப் பாயிலே படுத்துறங்கியது யார் வீட்டுப் பிள்ளை?

கல்வெட்டே விடை கூறுகிறது. வேதம் ஓதுவோர், வடமொழி இலக்கணம் பயில்வோர், ஆகமம் கற்போர். உழுதவன் மகன் அங்கே இல்லை. நெய்தவன் மகன் இல்லை. வயலைக்காவூர்ச் சேற்றிலே இடுப்பொடிய நாற்று நட்டாளே ஒருத்தி, அவள் பெற்ற பிள்ளைக்கு அங்கே ஒரு கோரைப்பாய்கூட இல்லை. அவள் நட்ட நெல் கோயிலுக்குப் போயிற்று. கோயிலிலிருந்து விடுதிக்குப் போயிற்று. அவள் பிள்ளை மட்டும் போகவில்லை!

இது ஏதோ ஒரு கோயிலின் கதை என்று ஒதுக்கிவிடாதீர்கள். இதே வட்டாரத்திலேதான் உத்திரமேரூர் இருக்கிறது. முதற் பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டைக் காட்டி, 'உலகுக்கே மக்களாட்சி தந்தவர் நாம்' என்று மேடைதோறும் முழங்குகிறோம். ஊர்ச்சபையின் வாரியத்திற்கு ஓலை எழுதப்பட வேண்டுமானால் என்னென்ன தகுதி? வரி செலுத்தும் நிலம் கால்வேலிக்கு மேல், சொந்த மனையிலே கட்டிய வீடு, வேதத்திலே பயிற்சி, வயது 35க்கு மேல், 70க்குள். குடம் இருந்தது, ஓலை இருந்தது, ஒழுங்கும் இருந்தது. ஆனால் ஊரிலே பாதிக்கு மேற்பட்டவன் பெயர் அந்தக் குடத்துக்குள் விழ வழியே இல்லை. திருமுக்கூடல் பாயும் உத்திரமேரூர்க் குடமும் ஒரே கதையின் இரண்டு பக்கங்கள்.

அந்தக் கதையை மாற்றி எழுதப் புறப்பட்டவர்கள் முதலில் கைவைத்த இடங்களில் ஒன்று விடுதி. இதை நம் இளைஞர்கள் கருத்தில் கொள்ள வேண்டும். 1916இல் சுவாமி சகசானந்தர் சிதம்பரத்திலே நந்தனார் பெயரால் பள்ளி கண்டார். எந்த நந்தனைக் கோயில் வாயிலிலே நிறுத்தினார்களோ, அவன் பெயராலேயே ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்குக் கல்வி வாயில் திறந்தது. 1930இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தேவதாசி முறைக்குத் தப்பி அடைக்கலம் தேடிவந்த சிறுமிகளைத் தம் வீட்டிலேயே சேர்த்துக்கொண்டார். அதுவே அவ்வை இல்லமாக வளர்ந்தது. 1959இல் திருச்சியிலே பெரியாரும் மணியம்மையாரும் நாகம்மையார் பெயரால் குழந்தைகள் இல்லம் தொடங்கினர். பெற்றோர் இன்னாரென்று அறியாத குழந்தைகளுக்கு ஈ.வெ.ரா.ம. என்ற தலைப்பெழுத்தைத் தந்தனர். 'உன் அப்பன் யார்?' என்று ஊர் கேட்கும் கேள்விக்கு ஒரு குழந்தை தலைகுனியாமல் விடை சொல்ல வழி செய்தனர். சோறு போடுவது இரக்கம்; தலைப்பெழுத்துத் தருவது புரட்சி!

விடுதி ஒன்றின் பந்தியிலேதான் தமிழ்நாட்டு அரசியலே திசைமாறியது என்பதையும் மறத்தலாகாது. வ.வே.சு. ஐயர் சேரன்மாதேவியிலே நடத்திய குருகுலத்துக்குக் காங்கிரசு பணம் தந்தது. தேசத் தொண்டர்களை உருவாக்கும் கூடம் என்று நாடே நம்பியது. அங்கே பார்ப்பனச் சிறுவர் இருவர்க்கு மட்டும் தனிப்பந்தி! 1924, 1925இல் பெரியாரும் டாக்டர் வரதராசுலு நாயுடுவும் அதை எதிர்த்துக் கிளம்பினர். 'இரண்டு பிள்ளைகள் தனியாக உண்டால் என்ன குடிமுழுகிப் போயிற்று?' என்று கேட்டவர் பலர். ஒரு பந்தியிலே தனியாக உட்காரப் பழகியவன் வளர்ந்து ஒரு நாட்டிலே சேர்ந்து உட்காருவானா? அதுதான் எதிர்க்கேள்வி. அதே 1925ஆம் ஆண்டு நவம்பரிலே, வாலாஜாபாத்துக்கு அண்மையிலுள்ள காஞ்சிபுரத்து மாநாட்டிலிருந்து பெரியார் வெளியேறினார். வகுப்புவாரி உரிமைத் தீர்மானம் மறுக்கப்பட்ட மாநாடு அது.

வாலாஜாபாத்துக்கு வருவோம். ஆர்க்காட்டு நவாபு வாலாஜாவின் பெயர் தாங்கிய ஊர். வெள்ளையர் படைகள் பாளையமிறங்கியிருந்த ஊர். பட்டாளம் போயிற்று, பள்ளிக்கூடம் வந்தது. வா. தி. மாசிலாமணி முதலியார் நிறுவிய இந்துமதப் பாடசாலை, தங்கிப் படிக்கும் பள்ளியாகப் புகழ்பெற்றது. பெயரிலே மதம் இருக்கிறதே, பகுத்தறிவாளர் பாராட்டலாமா என்று தயங்கும் தோழருக்கு நாம் கூறுவோம்: பெயர்ப்பலகையோடு வழக்காடுவது ஒருபுறம் இருக்கட்டும், வெளியூர்ப் பிள்ளைக்கு ஒரு சிற்றூர் படுக்க இடம் தந்த செயலை மதிக்கத் தெரியாதவன் பகுத்தறிவாளன் அல்லன்.

இவ்வளவு பேச நமக்கென்ன உரிமை என்று கேட்கலாம். நாம் விடுதிச் சோற்றிலே வளர்ந்தவர்கள். ஒரு தகரப்பெட்டி, ஓர் அலுமினியத் தட்டு, இரண்டு சட்டை – இவைதாம் நம் சொத்து. எந்த ஊர், எந்த இல்லம் என்பது வேண்டாம், அதனால் பயனில்லை. அங்கே வயிறு காயவில்லை. ஆனால் மாதத்திலே சில நாட்கள் 'தருமவான்' ஒருவர் வருவார். அன்று அவர் வீட்டுப் பிள்ளைக்குப் பிறந்தநாள். வடையும் பாயசமும் சமைத்து வைத்திருப்பார்கள். அவர் வரும்வரையில் தட்டிலே கைவைக்கக்கூடாது. வந்தபின் எழுந்துநின்று அவர் குடும்பம் வாழ்கவென்று பாடவேண்டும். படம் எடுப்பார்கள், படத்திலே நாம் சிரிக்கவேண்டும். ஆறிய சோற்றின்மீது ஈ மொய்த்துக்கொண்டிருக்கும். பத்து வயதிலே நமக்குச் சொல்லத் தெரியவில்லை. இன்று சொல்லத் தெரிகிறது. அந்தப் பாயசம் இனித்தது. அந்தப் பாட்டுத்தான் கசந்தது.

அம்மா மாதம் ஒருமுறை ஞாயிற்றுக்கிழமை வருவாள். நடவுக் கூலியிலே மிச்சம் பிடித்து வறுகடலை வாங்கிவருவாள். அவள் போனபின் பெட்டியைத் திறந்து கடலையை எண்ணுவோம். அடுத்த ஞாயிறு வரையில் வரவேண்டுமே! கைநிறையச் சோறு போட்ட இல்லம் அந்தக் கைப்பிடிக் கடலைக்கு ஈடாகவில்லை. விடுதியைக் குறைகூற அன்று இதை எழுதுவது. விடுதியால் எது முடியும், எது முடியாது என்பதை அறிந்தவர்தாம் நல்ல விடுதி நடத்த முடியும் என்பதற்காகவே எழுதுகிறோம்.

இன்று யாருக்கு அந்த இடம் தேவைப்படுகிறது? காஞ்சிபுரம் பட்டுக்குப் பெயர்போனது. அந்தப் பட்டின் பின்னே, தறிக்காரரிடம் பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்காகப் பள்ளியைவிட்டுத் தறிக்குழிக்கு வந்த பிஞ்சு விரல்களின் வரலாறும் உண்டு. சட்டமும் கண்காணிப்பும் பள்ளியும் சேர்ந்து அதைப் பெருமளவு குறைத்தன. ஆனால் செங்கற்சூளை இருக்கிறது. மழை ஓய்ந்து, தைப்பொங்கல் முடிந்ததும் குடும்பம் குடும்பமாகச் சூளைக்குப் பெயர்வார்கள். சூன் மாதவாக்கில் திரும்புவார்கள். சூளை எரியும் மாதங்களும் பள்ளியிலே தேர்வு நடக்கும் மாதங்களும் ஒன்றே! பிள்ளை 'படிப்பு ஏறாதவன்' அன்று. தேர்வு நாளிலே அவன் ஊரிலேயே இல்லை.

மரம் வெட்டும் இடத்திலும் இதே நிலைதான். 2019 சூலையிலே காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களில் மரம் வெட்டும் இடங்களிலிருந்து, குழந்தைகள் உட்பட இருளர் 42 பேர் கொத்தடிமையிலிருந்து மீட்கப்பட்டனர். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976இல். அதற்கு 43 ஆண்டுகள் கழித்து இந்த மீட்பு! கடன்பட்டவன் தந்தை, கட்டுண்டு கிடந்தது குழந்தையுமன்றோ! இத்தகைய பிள்ளைகளுக்கு உண்டு உறைவிடப் பள்ளி என்பது சலுகையன்று; தப்பிச்செல்லும் வழி.

இல்லம் என்ற பெயர் வைத்ததாலேயே எல்லாம் இல்லமாகிவிடுவதில்லை. 2022 திசம்பர் இறுதியில், வாலாஜாபாத்திலிருந்து இரயிலேறினால் சிறிது நேரத்திலே எட்டிவிடக்கூடிய செங்கற்பட்டில், அரசுக் கூர்நோக்கு இல்லத்திலே 17 வயதுச் சிறுவன் ஒருவன் உயிரிழந்தான். திருட்டுக் குற்றச்சாட்டிலே அழைத்துவரப்பட்ட ஏழைத்தாயின் மகன். அடித்ததால் இறந்தான் என்று வழக்குப் பதிவாகி, இல்லத்து ஊழியர்கள் கைதாயினர். பின்னர் ஓய்வுபெற்ற நீதியரசர் கே. சந்துரு தலைமையிலே, இத்தகைய இல்லங்களைச் சீர்திருத்த வழிகூறுமாறு அரசு ஒருநபர்க் குழு அமைத்தது. பூட்டிய கதவுக்குப் பின்னே நடப்பதைப் பார்க்க வெளியார் கண் இல்லாவிட்டால், அன்பு இல்லமும் அடிதடிக் கூடமாகும். 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம், குழந்தைகள் இல்லம் ஒவ்வொன்றும் பதிவு செய்யப்படவேண்டும் என்று விதித்ததன் பொருள் இதுதான். தருமம் செய்கிறோம், கணக்குக் கேட்காதே என்று சொல்ல எவருக்கும், காவி கட்டியவர்க்கும் அங்கி அணிந்தவர்க்கும் கறுப்புச் சட்டை போட்ட நமக்கும் உரிமை கிடையாது.

இன்னொன்றையும் அச்சட்டம் கூறுகிறது: குழந்தையை இல்லத்திலே சேர்ப்பது கடைசி வழியாக இருக்கவேண்டும். வறுமை ஒன்றை மட்டுமே காரணம் காட்டிப் பெற்றோரிடமிருந்து பிள்ளையைப் பிரிக்கலாகாது என்று 2009ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் அவை நெறிமுறை வகுத்தது. இந்த உண்மையைத் தமிழகம் தன் அடுப்பங்கரை வழியே கண்டுகொண்டது எனலாம். 1920இல் நீதிக்கட்சியின் தியாகராயர் காலத்துச் சென்னை மாநகராட்சிப் பள்ளியிலே மதிய உணவு; 1956இல் காமராசர் ஆட்சியிலே அது நாடெங்கும்; 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சியிலே சத்துணவு, 2022இல் மு.க. ஸ்டாலின் ஆட்சியிலே காலை உணவு. தாய் மடியிலிருந்து பிள்ளையைப் பிரிக்காமலே விடுதியின் வேலையிலே பாதியைச் செய்துமுடித்தன இத்திட்டங்கள். 2025 செப்டம்பரில் தொடங்கிய 'அன்புக் கரங்கள்' திட்டம், பெற்றோரை இழந்து உறவினரிடம் வளரும் குழந்தைகளுக்கு 18 வயது முடியும்வரை மாதம் 2,000 ரூபாய் தருகிறது. பாட்டியின் குடிசையிலேயே பிள்ளை வளரலாம். பாட்டிக்கும் பாரமில்லை, பிள்ளைக்கும் பிரிவில்லை.

ஆகவே நாம் கேட்பது இரண்டு. வீட்டிலே வளரக்கூடிய பிள்ளைக்கு வீட்டுக்கே உதவி போகட்டும். வீடே சூளைக்கும் குவாரிக்கும் ஓடுகிறபோது, பிள்ளைக்கு விடுதி வேண்டும். அது பிச்சையாக அன்றி உரிமையாக வேண்டும். 2025 சூலையிலே தமிழக அரசு, தான் நடத்தும் 2,739 மாணவர் விடுதிகளும் இனிச் 'சமூகநீதி விடுதிகள்' என்று வழங்கப்படும் என அறிவித்தது. வாயிலிலே சாதியின் பெயர் படித்து உள்ளே நுழைந்த பிள்ளைக்கு இது சிறு செய்தியன்று. நாம் அந்த வாயிலைக் கடந்தவர்கள், அறிவோம். ஆனால் பலகை மாறினால் போதுமா? கழிப்பறைக்குத் தண்ணீர் வருகிறதா, கூரை ஒழுகாமலிருக்கிறதா, இருப்புப் பதிவேட்டிலே உள்ள பெயரெல்லாம் பந்தியிலே உட்காருகிறதா என்று பார்க்கவேண்டாமா?

யார் பார்ப்பது? நீங்கள்தாம்! மாதம் ஒரு மாலைப்பொழுது உங்கள் ஊர் விடுதிக்குச் செல்லுங்கள். பிறந்தநாள் கேக்கோடு செல்லாதீர்கள். கணக்குச் சொல்லிக்கொடுக்கச் செல்லுங்கள். வாழ்த்துப்பாட்டுக் கேட்காதீர்கள், பிள்ளைகளோடு பந்தியிலே அமர்ந்து அவர்கள் உண்பதை உண்டுபாருங்கள். அரிசி நாறினால் ஆட்சியருக்கு எழுதுங்கள். நன்றாக இருந்தால் சமைத்த அம்மாவுக்கு நன்றி கூறுங்கள். தைக்குப் பின் வகுப்பிலே காலியாகும் இருக்கைகளை எண்ணுங்கள். எந்தச் சூளைக்குப் போயினர் என்று விசாரியுங்கள்.

திருமுக்கூடல் கல்வெட்டை இடிக்கவேண்டும் என்று நாம் சொல்லவில்லை. அது நன்றாக இருக்கட்டும். அதிலே எழுதியிருக்கிற பாயும் எண்ணெயும் விளக்கும் மருந்தும் வயலைக்காவூர் உழவன் பேரனுக்கும் வந்துசேரட்டும். கல்லிலே வெட்டியவர்கள் சிலருக்காக வெட்டினார்கள். நாம் எல்லார்க்குமாக நடத்திக் காட்டுவோம்.