ஸஹர் நேரத்தில் வந்த விளம்பரம்

2019ஆம் ஆண்டு ரமளானின் முதல் வாரம். கோவை கரும்புக்கடையில் உள்ள எங்கள் வீட்டில் ஸஹர் உணவு முடியும் தறுவாயில், நேரம் பார்ப்பதற்காக மகள் கைப்பேசியைத் திறந்தாள். எங்கள் பகுதி இளைஞர் ஒருவர் தம் சொந்தச் செலவில் ஓர் இணையதளம் நடத்தி வந்தார். கோவைக்கான தொழுகை நேரமும் நோன்பு நேரமும் மட்டுமே அதில் இருக்கும். வேறு அலங்காரம் எதுவும் கிடையாது. வீட்டில் எல்லோரும் அதைத்தான் பார்ப்போம். அன்று அந்த அட்டவணையை மறைத்துக்கொண்டு ஒரு பட்டை விரிந்து நின்றது. பணம் வைத்து ரம்மி ஆட வருமாறு அழைக்கும் விளம்பரம். சீட்டுக்கட்டோடு, பார்க்கத் தகாத உடையில் ஒரு பெண். மகள் கைப்பேசியைச் சட்டென்று கவிழ்த்து வைத்துவிட்டு, "அத்தா, இதுல போய் இப்படியெல்லாம் வருது" என்றாள்.

சுப்ஹு தொழுகை முடிந்த கையோடு அந்த இளைஞருக்கு ஒரு செய்தி அனுப்பினோம். நோன்பு நேரம் பார்க்க வருகிறவர்களிடம் சூதாட்டக் காசு சம்பாதிக்கலாமா என்ற பொருளில், இன்று நினைத்தாலும் கூசும் சொற்களில் எழுதியிருந்தோம். அவர் கோபப்படவில்லை. லுஹருக்குப் பின் மடிக்கணினியோடு வீட்டுக்கே வந்துவிட்டார். தம் கைப்பேசி இணைப்பில் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டினார், விளம்பரம் இல்லை. எங்கள் வைஃபையில் திறந்தார். ரம்மி வந்து நின்றது. பக்கத்தின் மூல நிரலை விரித்து அடியில் இருந்த இரண்டு வரிகளைச் சுட்டினார். "இது நான் எழுதாத வரிங்க பாய். என் பக்கம் உங்க வீட்டுக்கு வர்ற வழியில யாரோ செருகியிருக்காங்க."

ஸூரத்துல் ஹுஜுராத்தின் 12ஆம் வசனத்தை நாம் அனைவரும் எத்தனையோ பயான்களில் கேட்டிருப்போம். வீணான சந்தேகத்தைத் தவிர்க்கச் சொல்லி, அதன் பிறகு பிறரைத் துருவித் துருவி ஆராய்வதைத் தடுக்கிறது அவ்வசனம். முதலாவதை நாங்கள் செய்துவிட்டோம், ஒரு நல்ல மனிதரின் மீது. இரண்டாவதை எங்கள் வீட்டுக்கு இணைப்பு தந்த நிறுவனம் செய்துகொண்டிருந்தது, மாதந்தோறும் எங்களிடமே கட்டணம் வாங்கிக்கொண்டு.

இணைப்பைக் கொடுத்தவர் எங்கள் தெருவுக்குத் தெரிந்த கேபிள்காரர். அவரிடம் கேட்டோம். "எல்லா வீட்டுக்கும் வருதுங்க பாய். மேல இருந்து போடறாங்க, நானென்னங்க பண்றது?" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. மேலே என்பது எங்கே இருக்கிறது என்று அவருக்கும் தெரியாது.

இதன் இயக்கத்தை அந்த இளைஞர்தாம் எங்களுக்கு விளங்க வைத்தார். நாம் திறக்கும் ஒவ்வொரு பக்கமும் இணைப்பு நிறுவனத்தின் கருவிகள் வழியாகவே வந்தாக வேண்டும். முகவரியின் முன்னால் பூட்டுக்குறி இல்லாத பழைய வகைப் பக்கமாக இருந்தால் அதன் ஒவ்வொரு எழுத்தையும் நடுவில் படிக்கலாம், மாற்றலாம், ஒட்டும் போடலாம். பூட்டுள்ள பக்கமாக இருந்தால் உள்ளடக்கம் தெரியாது. ஆனால் எந்தத் தளத்துக்குப் போகிறோம் என்ற பெயர் பெரும்பாலும் தெரிந்துவிடும். கூகுளையோ ஃபேஸ்புக்கையோ வேண்டாமென்று விலகிவிட ஒருவரால் முடியும். இணைப்பைத் தருகிறவரை விலக்கிவிட்டு இணையத்துக்குப் போக வழியில்லை. சிறுவாணித் தண்ணீரைக் குழாயில் விடுகிறவர், நாம் எத்தனை முறை உளூச் செய்கிறோம் என்று எண்ணி யாரிடமோ விற்பதைப் போன்றது இது.

தளத்தின் பெயர் மட்டும்தானே, அதனால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. போத்தனூரில் எங்கள் உறவுக் குடும்பம் ஒன்றில் மகனுக்கு மணமாகி ஐந்து ஆண்டுகள், குழந்தை இல்லை. மருமகள் யாரிடமும் சொல்லாமல், தன் கைப்பேசியில், தன் அறையில், கருத்தரிப்பு மருத்துவமனைகளைப் பார்த்திருக்கிறாள். சில நாட்களில் அதே வகை விளம்பரங்கள் மாமியாரின் கைப்பேசியில் வரத் தொடங்கின. மகன் மூலமாகக் கூட அல்ல, ஒரு விளம்பரத்தின் மூலமாக அந்த வீட்டில் அந்தப் பேச்சு தொடங்கியது. அதைச் செய்தது இணைப்பு நிறுவனமா, தேடுபொறியா, ஏதேனும் செயலியா என்று கண்டுபிடிக்க அந்த வீட்டாருக்கு வழியில்லை. ஆனால் விளம்பர வணிகத்தில் ஒரு வீட்டின் இணைய முகவரியே ஓர் ஆளின் முகவரி போலப் பயன்படுகிறது. எட்டுப் பேர் ஒரே ரூட்டரில் வாழும் கூட்டுக் குடும்பத்தில், ஒருவருடைய இரகசியம் எட்டுப் பேருக்கும் விளம்பரமாகிறது. அந்தப் பெண் அதன் பிறகு பல மாதங்கள் கைப்பேசியில் எதையும் தேடவில்லை என்று பின்னர் எங்கள் வீட்டுப் பெண்களிடம் சொல்லியிருக்கிறாள்.

இதை எதிர்க்க முடியுமா என்ற கேள்விக்குப் பதில் தேடியபோது பிரிட்டனின் கதை கிடைத்தது. 2008ஆம் ஆண்டு பிப்ரவரியில் அந்நாட்டின் பெரிய இணைப்பு நிறுவனங்களான பிடி, வர்ஜின் மீடியா, டாக்டாக் மூன்றும் ஃபார்ம் என்னும் விளம்பர நிறுவனத்தோடு கைகோக்கப் போவதாக அறிவித்தன. வாடிக்கையாளர் திறக்கும் பக்கங்களை இணைப்பின் நடுவிலேயே படித்து, அவருடைய நாட்டத்தை வகைப்படுத்தி, அதற்கேற்ற விளம்பரம் காட்டுவது திட்டம். அதைவிட மோசமான செய்தி பின்னால் வந்தது. 2006லும் 2007லும் பிடி நிறுவனம் ஆயிரக்கணக்கான வாடிக்கையாளர்களிடம் ஒரு சொல்லும் சொல்லாமல் இதைச் சோதித்துப் பார்த்திருந்தது.

எதிர்ப்புக்குக் கட்சியோ கொடியோ இல்லை. சந்தா கட்டிய மக்கள் எழுதினார்கள். பிரதமர் அலுவலகத்துக்கு அனுப்பிய மனுவில் பல்லாயிரம் பேர் கையொப்பமிட்டார்கள். 2008 ஜூலையில் லண்டன் பார்பிகன் அரங்கில் பிடியின் பங்குதாரர் கூட்டம் நடந்தபோது வாசலில் நின்றார்கள். உலகளாவிய வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ் லீயும், தம் இணைப்பு நிறுவனம் இதைச் செய்தால் நிறுவனத்தையே மாற்றிவிடுவேன் என்றார். புற்றுநோய் குறித்து ஒருவர் படிப்பது காப்பீட்டுக் கட்டணத்தை உயர்த்தும் நிலை வரலாகாது என்பது அவர் கவலை. போத்தனூர்ப் பெண்ணின் கவலையும் வேறல்ல. 2009 ஜூலையில் பிடி திட்டத்தைக் கைவிட்டது. ஐரோப்பிய ஆணையம் பிரிட்டன் அரசின் மீதே நடவடிக்கை எடுத்தது. 2011இல் அந்நாட்டுச் சட்டம் திருத்தப்பட்டது. ஃபார்ம் நிறுவனம் 2016இல் மூடப்பட்டது. காவல்துறை வரை போன புகாரில் வழக்குத் தொடுக்க வேண்டியதில்லை என்று அரசுத் தரப்பு முடிவு செய்துவிட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும். தண்டனை எவருக்கும் இல்லை. வணிகம் மட்டும் நின்றது.

நம் நாட்டில் கதை வேறு விதமாகப் போனது. 2015 ஜூனில் பெங்களூர் மென்பொருள் பொறியாளர் ஒருவர், ஏர்டெல் 3ஜி இணைப்பில் தம் சொந்த வலைப்பக்கத்தைத் திறந்தபோது தாம் எழுதாத நிரல் அதில் இருப்பதைக் கண்டார். கண்டதைப் பொதுவில் வெளியிட்டார். அந்த நிரலுக்குரிய இஸ்ரேலிய நிறுவனமான ஃபிளாஷ் நெட்வொர்க்ஸ், பதிப்புரிமையை மீறியதாக அவருக்கே வக்கீல் நோட்டீஸ் அனுப்பியது. வாடிக்கையாளர் எவ்வளவு தரவு செலவழிக்கிறார் என்று அவருக்கே காட்டுவதற்கான முயற்சிதான் அது என்று ஏர்டெல் விளக்கம் கூறியது. வீட்டுக்குள் எட்டிப் பார்த்தவரை விட்டுவிட்டு, பார்த்ததைச் சொன்னவரைப் பிடிக்கும் வழக்கம் நமக்குப் புதிதல்ல.

வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பது என்றதும் ஒரு ஹதீஸ் நினைவுக்கு வருகிறது. ஒருவர் ஒரு துளை வழியே நபி (ஸல்) அவர்களின் அறைக்குள் பார்த்த செய்தி புகாரியில் உள்ளது. அனுமதி கேட்கும் விதியே பார்வையின் காரணமாகத்தான் ஏற்படுத்தப்பட்டது என்பதே அவர்கள் அப்போது அளித்த விளக்கத்தின் கருத்து. கால் உள்ளே வந்தால்தான் நுழைவு என்றில்லை. மூன்று முறை அனுமதி கேட்டும் பதில் வராததால் உமர் (ரலி) அவர்களின் வாசலிலிருந்து அபூமூஸா (ரலி) அவர்கள் திரும்பிப் போன செய்தியையும் நாம் அறிவோம். எங்கள் வாசலில் ஒரு முறைகூட யாரும் கேட்கவில்லை. இணைப்பு வாங்கிய நாளில் பொடி எழுத்தில் நான்கு பக்க ஆங்கிலப் படிவத்தில் கையெழுத்து வாங்கினார்கள்; அதைத்தான் அனுமதி என்கிறார்கள்.

எங்கள் தகப்பனார் பெரிய கடை வீதியில் துணிக்கடை வைத்திருந்தார். பற்று நோட்டில் பாதி நகரத்தின் கல்யாணக் கணக்கு இருக்கும். ஒரு நாள் வட்டிக்கு விடுபவர் ஒருவர் வந்து, கடனுக்கு ஜவுளி எடுக்கும் குடும்பங்களின் பெயரை மட்டும் கொடுத்தால் ஆளுக்கு இவ்வளவு கமிஷன் என்றார். தகப்பனார் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டு, நோட்டை அன்றிலிருந்து பெட்டியில் வைத்துப் பூட்டத் தொடங்கினார். அது அமானிதம் என்று ஒரே சொல்லில் சொன்னதாக நினைவு. இன்று அந்த நோட்டின் பெயர் தரவு. அந்தக் கமிஷனின் பெயர் இலக்கு விளம்பரம்.

1998க்குப் பின் கோட்டைமேட்டைச் சுற்றிச் சோதனைச் சாவடிகள் நின்ற ஆண்டுகளைக் கண்டவர்கள் நாங்கள். கண்காணிக்கப்படுவது என்றால் என்னவென்று இந்த ஊரில் யாரும் எங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் அந்தச் சாவடி கண்ணுக்குத் தெரிந்தது. 2020 நவம்பரில், உலகெங்கும் நம் மக்கள் பாங்கு நேரத்துக்கும் கிப்லாவுக்கும் வைத்திருந்த முஸ்லிம் புரோ செயலியின் இருப்பிடத் தரவு எக்ஸ்-மோட் என்னும் இடைத்தரகருக்குப் போனதையும், அந்தத் தரகரின் வாடிக்கையாளர்களில் அமெரிக்க இராணுவ ஒப்பந்ததாரர்கள் இருந்ததையும் ஒரு செய்தித்தளம் வெளிக்கொணர்ந்தது. பலர் செயலியை நீக்கினார்கள். நிறுவனம் அந்த உறவை முறித்துக்கொண்டது. விளம்பரத்துக்காகத் திரட்டப்படுவது விளம்பரத்தோடு நின்றுவிடும் என்று எங்கள் வீட்டில் இனி யாரும் நம்ப மாட்டோம்.

அந்த ரமளானிலேயே எங்கள் தெருவில் பதினொரு வீட்டார் சேர்ந்து புகார் எழுதினோம். ஐயர் வீடும் செட்டியார் வீடும் அதில் உண்டு. ரம்மி விளம்பரம் அவர்கள் பிள்ளைகளுக்கும்தான் வந்தது. புகார் எண் வந்தது. மூன்றாம் நாள், "தங்கள் குறை தீர்க்கப்பட்டது" என்று குறுஞ்செய்தியும் வந்தது. விளம்பரமும் வந்துகொண்டிருந்தது. 2012ஆம் ஆண்டு டிராய் விதிமுறைகளின்படி ஒவ்வொரு நிறுவனத்திலும் மேல்முறையீட்டு அதிகாரம் உண்டு என்பதும், அது 39 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பதும் அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. இதற்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். திரைப்படத்தையும், அந்த இரண்டு வரிகளையும், நாள் நேரத்தையும் குறித்து மேல்முறையீடு செய்தோம். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன் எங்கள் இணைப்பில் பட்டை மறைந்தது. விளக்கமும் இல்லை, வருத்தமும் இல்லை. கையெழுத்திடாத நான்கு வீடுகளில் அது இன்னும் சில மாதங்கள் வந்தது.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமித்துச் சொன்னது 2017 ஆகஸ்ட் 24. தரவு பயனருக்கே சொந்தம், நிறுவனங்கள் அதன் காவலர்கள் மட்டுமே என்று டிராய் பரிந்துரைத்தது 2018 ஜூலையில். காவலர் என்ற அந்தக் கருத்தைப் படித்தபோது தகப்பனாரின் பூட்டிய பெட்டிதான் நினைவுக்கு வந்தது. 2023இல் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. சம்மதம் தெளிவாகவும் குறிப்பிட்ட காரியத்துக்காகவும் இருக்க வேண்டும். அறிவிப்பைத் தமிழில் கேட்டாலும் தர வேண்டும். பதினெட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளின் நடத்தையைக் கண்காணிப்பதும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதும் கூடாது என்கிறது அது. விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாயின. நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும் முக்கியப் பகுதிகள் அதிலிருந்து பதினெட்டு மாதம் கழித்தே நடைமுறைக்கு வரும். அதே சட்டம் அரசுக்குத் தாராளமாக விலக்குகளையும் கொடுத்திருக்கிறது. அது தனியே எழுத வேண்டிய விஷயம்.

அந்த இளைஞரிடம் நேரில் சென்று மன்னிப்புக் கேட்டோம். அவர் தம் தளத்துக்கு இலவசமாகவே கிடைக்கும் பூட்டுச் சான்றிதழைப் போட்டுவிட்டார். இனி நடுவில் யாரும் அதில் எதையும் ஒட்ட முடியாது. 2020 ரமளானில் ஊரடங்கால் பள்ளிவாசல்கள் மூடிக் கிடந்தபோது, எங்கள் பகுதியில் பல வீடுகள் அவருடைய அட்டவணையைப் பார்த்துத்தான் நோன்பு திறந்தன.

சென்ற மாதம் பழைய இணைப்பை மாற்றி ஃபைபர் இணைப்பு வாங்கப் போனோம். படிவத்தின் கடைசிப் பக்கத்தில், "பங்காளர் நிறுவனங்களின் சலுகைகளுக்குச் சம்மதம்" என்ற கட்டத்தில் ஏற்கெனவே டிக் அடித்திருந்தது. தமிழ்ப் படிவம் உண்டா என்று கேட்டோம். கவுண்டரில் இருந்த தம்பி சிரித்தார். "நீங்க ஒருத்தர்தாங்க இதையெல்லாம் படிக்கறீங்க" என்றார். அந்தக் கட்டத்தை அடித்துவிட்டு வேறு படிவம் கொண்டுவரச் சொல்லியிருக்கிறோம். இன்னும் வரவில்லை. பழைய இணைப்பிலேயே இதை எழுதி அனுப்புகிறோம்.