பாடம் இல்லாத பன்னிரண்டு நாட்கள்

நவம்பர் பிறந்து சில நாட்கள் சென்றால் நாகபுரியில் வைகறைக் குளிர் வந்துவிடும். தெருவெங்கும் ஆரஞ்சுக் கூடைகள் வந்துவிடும். எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் பேச்சும் வந்துவிடும். பிள்ளைகளை வீட்டிலேயே வைத்துக் கற்பிக்கும் குடும்பம் அப்பண்டிகைக்கு அலுப்பின்றி ஆயத்தமாவது எவ்வாறு என்பதை, இரண்டாண்டு அனுபவத்தில் அறிந்த அளவில், நம் சங்கத்து அன்பர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். கிறிஸ்துமஸ் கொண்டாடாத அன்பர்கள் அவ்விடத்தில் தீபாவளி என்றோ பொங்கல் என்றோ வைத்து வாசித்துக்கொள்ளலாம். அடுப்படியில் படும் பாடு எல்லாப் பண்டிகைக்கும் ஒன்றுதான்.

எனக்கு ரயில்வே குடியிருப்பில் வீடு கிடைத்தது ஒரு செப்டம்பர் மாதத்தில். நாசரேத்தில் என் தாயாருடன் இருந்த மனைவியும் பிள்ளைகளும் அப்போதுதான் இங்கு வந்து சேர்ந்தனர். ஆண்டின் நடுவில் சேர்த்துக்கொள்ள அருகிலிருந்த பள்ளி உடன்படவில்லை. மகளுக்கு அப்போது எட்டு வயது. இந்தியில் ஓரெழுத்தும் தெரியாது. "இந்த ஓராண்டு நானே சொல்லிக்கொடுக்கிறேன்" என்றாள் என் மனைவி. ஓராண்டு இரண்டாண்டாயிற்று, தம்பியும் அக்காளோடு உட்கார்ந்துகொண்டான். 1989-இல் ஏற்பட்ட தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் வழியாக, 14 வயது நிறைந்தபின் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுத இடமுண்டு. ஆகையால் ஓரளவு அச்சமின்றி இருக்கிறோம். அச்சம் முற்றிலும் நீங்கிற்று என்று சொன்னால் அது பொய்.

முதல் ஆண்டுக் கிறிஸ்துமஸை நினைத்தால் இன்றும் நாணமாக இருக்கிறது. ஊரைவிட்டு வந்த ஏக்கத்தில், ஊரில் நடப்பதெல்லாம் இங்கும் நடக்கவேண்டும் என்று முனைந்தோம். முறுக்கு, அச்சுமுறுக்கு, அதிரசம், முந்திரிக்கொத்து, கேக்கு என ஐந்து பலகாரம். ஊரிலோ இவற்றைச் செய்ய அத்தை, சித்தி, அண்டை வீட்டார் என்று எட்டுக் கைகள் உண்டு; இங்கு இரண்டே கைகள். போதாக்குறைக்கு, பள்ளிப் பிள்ளைகளுக்குக் குறையாமல் நம் பிள்ளைகளும் அரையாண்டுத் தேர்வு எழுதவேண்டும் என்று நான் வற்புறுத்தி, டிசம்பர் 23-ஆம் நாள் கணக்குத் தேர்வு வைத்தேன். 24-ஆம் நாள் இரவு, எண்ணெய்ச் சட்டியை இறக்கிவைத்த என் மனைவி அடுப்படிச் சுவரில் சாய்ந்தபடியே உறங்கிப்போனாள். அதிகாலை ஆராதனைக்கு நாங்கள் போகவில்லை. விழித்ததும் அவள் அழுதாள்.

அன்று மகளுக்கு நான் தந்த பரிசு, வண்ணத் தாளில் சுற்றிய கணக்குப் பயிற்சிப் புத்தகம். அவள் பிரித்துப் பார்த்தாள், "நல்லா இருக்கு அப்பா" என்று மரியாதையாகச் சொன்னாள், அலமாரியில் வைத்துவிட்டாள். அந்த மரியாதைதான் என்னைச் சுட்டது.

சென்ற ஆண்டு முறையை மாற்றினோம். திருச்சபை நாட்காட்டியிலேயே இதற்கு வழி இருந்ததை நாங்கள்தான் கவனிக்கவில்லை. கிறிஸ்துமஸுக்கு முந்தின நான்கு ஞாயிறுகள் வருகைக்காலம். முதல் ஞாயிறு நவம்பர் 27-க்கும் டிசம்பர் 3-க்கும் இடையில் வரும். ஞாயிற்றுக்கு ஒரு வேலை என வகுத்துக்கொண்டோம்: முதல் வாரம் கடிதங்கள், இரண்டாம் வாரம் நட்சத்திரம், மூன்றாம் வாரம் குடில், நான்காம் வாரம் பலகாரம். பாட நூல்களை டிசம்பர் 15-ஆம் நாளே மூடிவைத்தோம். தேர்வு என்ற சொல்லையே நான் எடுக்கவில்லை.

நட்சத்திரத்தின் கதையைச் சொல்லவேண்டும். ஜெர்மனியில் நீஸ்கி என்னும் ஊரில் மொரேவிய சபையார் நடத்திய ஆண்பிள்ளைகள் பள்ளியில், 1830-களில், வடிவகணிதப் பாடமாகப் பிறந்தது ஒரு காகித நட்சத்திரம். 18 சதுர முகங்களும் 8 முக்கோண முகங்களும் கொண்ட உருவம் அது; தொங்கவிட ஒரு சதுரத்தை விட்டுவிட்டு, மற்ற 25 முகங்களிலும் ஒவ்வொரு கூர் ஒட்டவேண்டும். இதைப் படித்ததும் எனக்குள் இருந்த வாத்தியார் விழித்துக்கொண்டார். அட்டையை வெட்டி முடிப்பதற்குள், "சதுரக் கூருக்கு எத்தனை பக்கம், முக்கோணக் கூருக்கு எத்தனை பக்கம், சொல் பார்ப்போம்" என்று தொடங்கினேன். மகள் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

"இதுவும் பாடமா அப்பா?"

என் மனைவி ஒன்றும் சொல்லாமல் என்னைப் பார்த்தாள். நான் வாயை மூடிக்கொண்டு பசை தடவினேன். அரைமணி நேரம் சென்றபின் மகளே, "அப்பா, முக்கோணம் எட்டுத்தான் வருது, இன்னும் ஒன்று வெட்டிவிட்டோமே" என்றாள். நான் "அப்படியா?" என்பதற்குமேல் ஒரு சொல்லும் பேசவில்லை. அந்த நாவடக்கம் எனக்கு எளிதாக இருக்கவில்லை.

குடிலுக்குச் செலவே இல்லை. 1223-இல் கிரெச்சியோ என்னும் ஊரில் அசிசி பிரான்சிஸ் அமைத்த குடிலில் இருந்தவை வைக்கோல் நிறைந்த தொட்டியும், ஒரு மாடும், ஒரு கழுதையுமே. எங்கள் வீட்டுக் குடிலின் மாடு, தான்ஹா போளா அன்று பக்கத்து வீட்டு மராத்தி அம்மாள் என் மகனுக்குத் தந்த மரக்காளை. கழுதை களிமண்ணால் ஆயிற்று; அதன் காதைக் கண்டு முயல் என்று சொன்ன விருந்தினரை என் மகன் இன்னும் மன்னிக்கவில்லை.

பலகாரம் இரண்டுடன் நின்றது: முறுக்கும் கேக்கும். திராட்சையை முதல்நாள் இரவே ஆரஞ்சுச் சாற்றில் ஊறவைத்து, அடியில் மணல் பரப்பிய குக்கரில் வேகவைத்த கேக்கு அது. முந்திரிக்கொத்து, திருக்குறள் எக்ஸ்பிரஸில் வந்த ஓர் அன்பர் கையில் என் தாயார் கொடுத்தனுப்பியது. பாதி உதிர்ந்து வந்தது. கரண்டியால் எடுத்துத் தின்றோம்.

பரிசைப் பற்றி நான் கண்ட விதி ஒன்றே: கேள்வி-பதில் உள்ள எதுவும் பரிசாகாது. மகனுக்கு ஓர் அளவு நாடா வாங்கினேன். கதவு, கட்டில், தெருநாய் என அவன் அளக்காத பொருள் இல்லை. மகளுக்கு ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடியும் தமிழ்க் கதைப் புத்தகம் இரண்டும். 1957-இல் தொடங்கிய நேஷனல் புக் டிரஸ்ட் தமிழிலும் சிறுவர் நூல்களைக் குறைந்த விலையில் வெளியிடுகிறது. வெளி மாநிலத்தில் வாழும் நமக்கு அது பேருதவி. எல்லாவற்றிலும் சிறந்ததாக அமைந்தது, ஆச்சி தம் கையாலேயே சிறுவயதுக் கதைகளை எழுதியனுப்பிய நாற்பது பக்க நோட்டுப் புத்தகம். ஆச்சியின் கையெழுத்து எளிதில் விளங்காது. அக்காளும் தம்பியும் அந்தக் கண்ணாடியை வைத்து எழுத்தெழுத்தாகத் துழாவினார்கள். யாரும் அவர்களைப் படிக்கச் சொல்லவில்லை.

பிள்ளைகளும் எங்களுக்குப் பரிசு வைத்திருந்தார்கள். தாயிடம் மகள் நீட்டியது ஓர் அட்டை. அதில் எழுதியிருந்தது: "டிசம்பர் 25 முதல் ஜனவரி 5 வரை பன்னிரண்டு நாள் அம்மா டீச்சர் இல்லை. அம்மா மட்டும்தான்."

என் மனைவி அதை இருமுறை படித்தாள். பிறகு எழுந்து அடுப்படிக்குப் போனாள். அங்கு அப்போது அவளுக்கு வேலை எதுவும் இல்லை.

அந்தப் பன்னிரண்டு நாளும் அட்டை சுவரில் இருந்தது. மறந்து நான் வாய்ப்பாட்டைப் பற்றி ஏதோ தொடங்கினால், மகன் அளவு நாடாவால் அதைச் சுட்டிக் காட்டுவான். ஜனவரி 6, சாஸ்திரிகள் பாலனைக் கண்ட திருநாள். அன்று நட்சத்திரத்தை இறக்கினோம். ஏழாம் நாள் காலையில் மகள் தானே நோட்டுப் புத்தகத்துடன் வந்து உட்கார்ந்து, அடுப்படியை நோக்கிக் குரல் கொடுத்தாள்: "அம்மா, டீச்சர் வந்தாச்சா?"

"இந்தத் தோசை ஆகட்டும், வருவாங்க" என்றாள் என் மனைவி.