நெசவாளியின் மூளை

ஒரு நகரத்தின் பெருமையை அதன் மாளிகைகளைக் கொண்டு அளப்பவர் உண்டு. ஆலயங்களைக் கொண்டு அளப்பவரும் உண்டு. அந்நகரத்தின் எளிய மக்கள் எதை உண்டு உழைத்தார்கள் என்று கேட்பவரோ மிகச் சிலர். அரண்மனைக்கு வரலாறு எழுத ஆட்கள் இருந்தனர். அடுப்படிக்கு வரலாறு எழுத எவரும் இருந்ததில்லை. எனினும் அடுப்படி தன் வரலாற்றைத் தானே எழுதிக்கொள்கிறது. உணவே அதன் ஏடு. சுவையே அதன் எழுத்து. அவ்வேட்டைப் படிக்க விரும்புவோர்க்குப் பிரான்சு நாட்டின் லியோன் நகரம் நல்லதொரு பள்ளிக்கூடம்.

லியோன் நகரத்தை ரோன், சோன் என்னும் இரண்டு ஆறுகள் தழுவிச் செல்கின்றன. நகரத்தார் நகைச்சுவையாக மூன்றாவது ஆறு ஒன்றையும் சேர்த்துச் சொல்வர். வடக்கே போஜொலே மலைச்சாரலில் விளைந்து, லியோன் மக்களின் கிண்ணங்களில் வந்து விழும் திராட்சை மதுவே அம்மூன்றாவது ஆறு. குர்னோன்ஸ்கி என்னும் புனைபெயரால் புகழ்பெற்ற உணவுத் திறனாய்வாளர், 1935இல் இந்நகரத்தை உலகச் சமையற்கலையின் தலைநகரம் என்று போற்றினார். அப்புகழை நம்பி இன்றும் ஆயிரமாயிரம் பேர் அங்கே செல்கின்றனர். ஆனால் லியோனை நன்கறிந்தவர்கள் விருந்தினரை முதலில் அழைத்துச் செல்வது வெள்ளிக் கரண்டிகள் மின்னும் பெருவிடுதிகளுக்கு அன்று. கட்டமிட்ட துணி விரித்த சிறு மேசைகளும், தோளோடு தோள் உரச அமரும் நெருக்கமும், கரும்பலகையில் சுண்ணக்கட்டியால் எழுதிய உணவுப் பட்டியலும் கொண்ட சிற்றுணவகங்களுக்கே அழைத்துச் செல்கின்றனர். அவற்றைப் 'பூஷோன்' என்பர். அச்சொல்லுக்கு இன்றைய பேச்சு வழக்கில் புட்டியின் தக்கை என்பது பொருள். ஆயினும் உணவகத்தின் பெயர் தக்கையிலிருந்து பிறந்ததன்று என்பர். மது விற்கும் சத்திரத்தின் வாயிலில் அடையாளமாகக் கட்டித் தொங்கவிட்ட வைக்கோற்கற்றையின் பழைய பெயரே அது.

அப்பட்டியலில் விருந்தினரைத் திகைக்க வைக்கும் பெயர் ஒன்று உண்டு: 'செர்வெல் த கனு'. 'நெசவாளியின் மூளை' என்பது அதன் நேர்ப்பொருள். அஞ்சி விலகுவோரும் உண்டு. ஆனால் மேசைக்கு வருவது இறைச்சி அன்று. கடைந்த வெண்மையான புதுப் பாலாடைக்கட்டி. அதில் பொடியாக அரிந்த சிறு வெங்காயமும், பூண்டும், வெங்காயத்தாளைப் போன்ற மணப்பூண்டும் கலந்திருக்கும். உப்பும் மிளகுத் தூளும் தூவி, சிறிது எண்ணெயும் காடியும் விட்டு அடித்திருப்பர். வாட்டிய ரொட்டியின் மேல் தடவி வாயிலிட்டால், முதலில் குளிர்ச்சி. பிறகு மெல்லிய புளிப்பு. கடைசியில் பூண்டின் காரம். இத்தனை எளிய பண்டத்திற்கு இத்தனை கொடிய பெயர் வந்தது எவ்வாறு? அதை அறிய வேண்டுமானால் உணவகத்தை விட்டு வெளியேறி மலையேற வேண்டும்.

லியோனில் இரண்டு குன்றுகள் உள்ளன. ஃபூர்வியேர் குன்றின் உச்சியில் பேராலயம் ஒன்று நிற்கிறது. க்ருவா ரூஸ் குன்றில் பட்டு நெசவாளர் வாழ்ந்தனர். முன்னதைத் தொழும் குன்று என்றும், பின்னதை உழைக்கும் குன்று என்றும் அழைப்பது வழக்கம். லியோனில் பிறந்த ஜக்கார்டு என்பார் 1804இல் அமைத்த தறி, துளையிட்ட அட்டைகளின் துணையால் எவ்வளவு நுட்பமான பூவேலையையும் நெய்யவல்லதாயிற்று. அத்தறி மிக உயரமானது. ஆகவே க்ருவா ரூஸ் வீடுகளின் கூரை ஏறக்குறைய 4 மீட்டர் உயரத்தில் அமைந்தது. தறிக்கு வேண்டிய வெளிச்சத்திற்காகச் சன்னல்களும் நெடிதாயின. கீழே தறி இரைய, அதன் பக்கத்தில் அமைத்த மரப்பரணில் குடும்பம் உறங்கியது. தறிக்காகவே வீடு, மனிதர்க்கு எஞ்சிய இடம். காஞ்சிபுரத்துப் பட்டுத்தறிகளிலும் கரைக்கும் முந்தானைக்கும் உருக்கொடுப்பது ஜக்கார்டுப் பெட்டியே ஆதலின், இந்தக் குன்றின் கதை தமிழர்க்கு முற்றிலும் அயலான கதை அன்று.

அந்நெசவாளர்களே 'கனு' எனப்பட்டனர். பட்டு வணிகரிடம் நூல் வாங்கி, முழத்துக்கு இவ்வளவு என்று கூலி பேசி நெய்து கொடுத்தனர். விலை வீழ்ந்த போதெல்லாம் கூலியும் வீழ்ந்தது. 1831 அக்டோபரில் நெசவுக் கூலிக்கு ஒரு குறைந்தபட்ச வரையறை ஏற்பட்டது. வணிகருள் பலர் அதை மதிக்க மறுத்தனர். நவம்பரில் கனுக்கள் குன்றிலிருந்து இறங்கினர். உழைத்து வாழ்வது, இல்லையேல் போராடி மடிவது என்பது அவர்கள் கறுப்புக் கொடியில் எழுதிய உறுதி. சில நாள்கள் நகரமே அவர்கள் வசமாயிற்று. பட்டும் பொன்னும் நிறைந்த அந்நகரத்தில் கொள்ளை நிகழாதபடி அவர்களே காவல் நின்றனர் என்பது வரலாறு. டிசம்பர்த் தொடக்கத்தில் பெரும்படை நகருள் நுழைந்தது. கூலி வரையறையும் செல்லாததாக்கப்பட்டது. 1834 ஏப்ரலில் மீண்டும் எழுந்தபோது நூற்றுக்கணக்கானோர் உயிர் இழந்தனர்.

உலக அரசிகளின் உடலை அணி செய்த பட்டை நெய்தவர்கள், தம் வயிற்றுக்குத் தேடிக்கொண்ட உணவே அந்த வெண்பாலாடைக்கட்டி. செல்வர் வீட்டு மேசைக்கு ஆட்டு மூளை வரும். ஏழையின் மேசைக்கு அதன் நிறத்தை ஒத்த தயிர்க்கட்டியே வரும். அதனால் அப்பெயர் வந்தது என்பர் சிலர். நெசவாளியின் அறிவை இகழ்ந்து செல்வர் சூட்டிய பெயர் அது என்பர் வேறு சிலர். எது உண்மையாயினும், அப்பெயரைக் கனுக்கள் உதறித் தள்ளவில்லை. ஏளனத்தையே ஏற்று, உப்பும் பூண்டும் சேர்த்து உண்டுவிட்டனர். இகழ்ச்சியைச் செரிக்கத் தெரிந்தவனை வெல்வது எளிதன்று.

அவர்களது மதுவின் கதையும் அத்தகையதே. போஜொலே மதுவுக்கு உரிய திராட்சை கமே என்னும் இனம். 1395இல் பர்கண்டிப் பகுதியை ஆண்ட கோமகன் இரண்டாம் பிலிப், அது தரங்குறைந்த கொடி என்று கூறி வேரோடு களைய ஆணையிட்டான். துரத்தப்பட்ட கொடி தெற்கே போஜொலேயின் கருங்கல் மண்ணில் வேரூன்றித் தழைத்தது. அங்கே அது பெற்ற பழமணமும் இலேசான தன்மையும் வேறெங்கும் அதற்கு வாய்க்கவில்லை. நெடுங்காலம் முதிர வைக்க வேண்டாத அம்மதுவைச் சற்றுக் குளிர்ந்த நிலையில் பருகுவர். விடியற்காலம் முதல் தறியில் கால் மிதித்தவர்கள், பகல் ஏறுமுன் அதனுடன் பன்றியிறைச்சித் துண்டங்களும் குடல் கறியும் உண்டனர். 'மாஷோன்' எனப்படும் அக்காலையுணவைப் பூஷோன்கள் சில இன்றும் பேணி வருகின்றன. அடிப்பகுதி தடித்த கண்ணாடிப் புட்டியில், 46 செண்டிலிட்டர் என்னும் லியோனுக்கே உரிய அளவில், மது மேசைக்கு வரும். மது வகையின் பெயர்ச்சீட்டு அப்புட்டியில் இராது. அதைச் சுழற்றி முகர்ந்து ஆராய்ச்சி செய்பவரைப் பக்கத்து மேசைக்காரர் புன்னகையுடன் பார்ப்பார்.

பூஷோன் பட்டியலின் மற்ற உணவுகளும் இவ்வாறே எளியோரின் உரிமைப் பொருள்கள். இரைப்பையை மாவில் தோய்த்துப் பொரித்த பண்டத்திற்குப் 'படைவீரனின் மேலாடை' என்று பெயர். குடலை அடைத்துச் செய்யும் தொத்திறைச்சி உண்டு. ஆற்று மீனை அரைத்து உருட்டி அவித்த உருண்டையும் உண்டு. நல்ல துண்டுகள் மேல்மாடங்களுக்குப் போய்விட, மிஞ்சியவற்றைக் கொண்டு சமைத்தவர்கள் கண்ட சுவை இது. பொருள் குறைந்த இடத்தில் கை நுட்பம் கூடியாக வேண்டும்.

அந்தக் கை பெரும்பாலும் பெண்ணின் கை. செல்வர் வீடுகளில் சமையற்காரிகளாய் இருந்த பெண்கள் பலர், பின்னர்த் தாமே சிறு உணவகம் திறந்தனர். நகரம் அவர்களை 'அன்னையர்' என்றே அழைத்தது. அவர்களுள் தலையாயவர் யூஜினி பிராசியே. 1895இல் உழவர் குடியில் பிறந்தவர். பத்து வயதில் தாயை இழந்தவர். மணமாகாமலே தாயானதால் வீட்டை விட்டு விலக்கப்பட்டவர். லியோனில் பணிப்பெண்ணாகி, அன்னை ஃபில்யூவின் அடுப்படியில் தொழில் கற்று, 1921இல் சிறு கடை ஒன்றை வாங்கி உணவகமாக்கினார். 1933இல் மிஷலேன் வழிகாட்டி நூல், அவருடைய இரண்டு உணவகங்களுக்கும் தனித்தனியே மும்மூன்று விண்மீன்களை வழங்கியது. அவ்வாறு ஒரே சமயத்தில் ஆறு விண்மீன்களை முதன்முதலாகப் பெற்றவர் அவரே. பின்னாளில் உலகப் புகழ்பெற்ற சமையற்கலைஞர் போல் பொக்கூஸ், 1946இல் அவரிடம் தொழில் பயின்றார். நகரத்தின் பெருஞ்சந்தை 2006 முதல் பொக்கூஸின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அச்சந்தைக்குள் நுழைபவரை முதலில் தடுத்து நிறுத்துவது பாலாடைக்கட்டிகளின் மணம். லியோன் மக்கள் தம் குழந்தையைப் போல் கொண்டாடுவது சான் மார்செலான் என்னும் கட்டியை. தெற்கே ஈசேர் பகுதியில் பசும்பாலில் செய்யப்படும் இச்சிறு வட்டம் சுமார் 80 கிராம் எடையே உள்ளது. இளசாக இருந்தால் உறுதியாக நிற்கும். நன்கு கனிந்தால் உள்ளே குழம்பாய் உருகிவிடும். லியோனில் விரும்பப்படுவது அந்தக் கனிந்த நிலையே. கிண்ணத்தோடு வாங்கிச் சென்று கரண்டியால் எடுத்து உண்பர். விற்பவர் முதலில் கேட்பது, "இன்றைக்கா, நாளைக்கா?" என்பதே. இன்று உண்பதற்கு ஒன்று, நாளை உண்பதற்கு வேறொன்று. காலத்தை விரலால் தொட்டறியும் அந்நுட்பத்தை எந்தப் பொறியும் இன்னும் கற்றதாகத் தெரியவில்லை.

இவ்வளவு இன்பத்தின் நடுவே நெஞ்சை உறுத்தும் கேள்வி ஒன்று உண்டு. பட்டுப்புழுவைத் தாக்கிய நோயும், விசைத்தறியும், செயற்கை இழையும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து கைத்தறிகளை ஓயச் செய்தன. க்ருவா ரூஸின் தறி வீடுகள் இன்று உயர்ந்த கூரைக்காகவே நல்ல விலை பெறுகின்றன. தறிக்காக எழுந்த உயரம் இன்று அழகுக்காக விரும்பப்படுகிறது. நெசவாளியின் உணவு நிலைத்துவிட்டது, நெசவாளி போய்விட்டான். பூஷோன் என்ற பெயரை மட்டும் பலகையில் எழுதி வைத்து, பயணிகளிடம் காசு பார்க்கும் கடைகளும் பெருகின. அதனால் 2012இல் மரபு வழுவாத பூஷோன்களை அடையாளம் காட்டத் தரமுத்திரை ஒன்று ஏற்படுத்தப்பட்டது. முத்திரை சமையலைக் காக்கலாம். அச்சமையலைப் பெற்றெடுத்த மக்களின் நினைவைக் காப்பது யார்?

பசித்தவனுக்கு வரலாறு எதற்கு, நாவுக்குச் சுவை போதாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வியே. உணவின் முன் அமர்ந்து துக்கம் காக்க வேண்டும் என்று எவரும் சொல்லவில்லை. கனுக்களே அவ்வாறு அமர்ந்தவர்கள் அல்லர். அவர்கள் சிரித்துப் பேசி மது அருந்தியவர்கள். ஆனால் அறியாமல் உண்பதற்கும் அறிந்து உண்பதற்கும் வேறுபாடு உண்டு. அறியாதவனுக்கு அது பூண்டு கலந்த பாலாடைக்கட்டி. அறிந்தவனுக்கோ, நியாயமான கூலி கேட்டுத் தோற்ற ஒரு மக்கள் கூட்டம் விட்டுச் சென்ற உயில். பரிமாறும் பெண்ணின் கூலி, அடுக்களையில் தட்டு கழுவும் அயல்நாட்டு இளைஞனின் கூலி, குன்றின் சாரலில் திராட்சை பறிப்பவரின் கூலி ஆகியவற்றைப் பற்றி ஒரு கணமேனும் நினைக்கத் தூண்டுமானால், அந்த உயில் வீண்போகவில்லை எனலாம்.

ஆண்டுதோறும் நவம்பர் மாதத்தின் மூன்றாம் வியாழனன்று போஜொலேயின் புதுமது வெளிவருகிறது. லியோன் தெருக்களில் பீப்பாய்கள் திறக்கப்படும். பூஷோன்களில் இடம் கிடைப்பது அரிதாகும். 1831இல் கனுக்கள் கறுப்புக் கொடியேந்திக் குன்றிலிருந்து இறங்கியதும் அதே நவம்பரில்தான். கொண்டாட்டத்தினிடையே அதை நினைவுகூர்பவர் சிலராகவே இருக்கலாம். ஆயினும் கரும்பலகையில் நெசவாளியின் பெயரைச் சுண்ணக்கட்டியால் நாள்தோறும் யாரேனும் ஒருவர் எழுதுகிறார். இரவில் அழித்துவிட்டு மறுநாள் மீண்டும் எழுதுகிறார்.