எட்டும் தொலைவில் ஒரு பட்டறை

குளுவாங்கிலிருந்து ரெங்கம், லாயாங் லாயாங், கூலாய் என்று தெற்கே இறங்கும் வழியில் இருபுறமும் இன்று பெரும்பாலும் செம்பனைதான். இடையிடையே சிறுதோட்டக்காரர்களின் ரப்பர் பால்மரங்கள் தென்படுகின்றன. இந்த ஜொகூர் ஊர்களின் இரும்புக்கடைகளில் பாராங் கத்திகள் கட்டுக்கட்டாகத் தொங்குகின்றன. எல்லாம் ஒரே நீளம், ஒரே வளைவு, ஒரே பிளாஸ்டிக் பிடி. பழைய கடைத்தெருவில் இன்னும் மூடாமல் இருக்கும் கொல்லுப்பட்டறையில் கிடப்பவையோ ஒன்றைப்போல ஒன்று இல்லை. நாள் முழுக்கக் கத்தியோடு உழைக்கும் ஒருவர் இந்த இரண்டில் எதை வாங்க வேண்டும் என்ற கேள்வியோடுதான் இரண்டையும் பார்த்தேன். கைவேலைதான் உயர்ந்தது என்பார்கள் சிலர். ஆலைச் சரக்குதான் நம்பகமானது என்பார்கள் வேறு சிலர். கத்தியை வாங்கும் நாளை மட்டும் வைத்துப் பேசுவதால் இரு தரப்பாரும் பாதி விஷயத்தைத்தான் பேசுகிறார்கள் என்பது என் எண்ணம். உழைக்கும் கத்தி வாங்கிய மறுநாளிலிருந்து தேயத் தொடங்குகிறது. தேய்ந்ததை எங்கே கொண்டுபோவோம், யார் சரிசெய்வார் என்பதற்குப் பதில் இருந்தால் கொல்லர் அடித்த கத்தி. பதில் இல்லையென்றால் ஆலைக் கத்தி. இதற்கான காரணங்கள் இரும்பிலேயே இருக்கின்றன.

பட்டறையில் பழைய லாரியின் ஸ்பிரிங் பட்டைதான் மூலப்பொருள். கழிவு இரும்பு என்று அதைத் தள்ளிவிட முடியாது. ஸ்பிரிங்குக்கென்று செய்யப்படும் எஃகில் கரி பெரும்பாலும் 0.55 முதல் 0.65 விழுக்காடு வரை இருக்கும், பல வகைகளில் கூடவே ஒரு விழுக்காட்டை ஒட்டிக் குரோமியம். சுமை ஏறும்போது வளைந்து, இறங்கும்போது நிமிர்வதற்கென்றே அமைந்த உலோகம் அது. வெட்டுக்கத்திக்கும் வேண்டியது அந்தக் குணம்தான். பட்டையை உலையில் பழுக்கக் காய்ச்சி அடிக்கும்போது கொல்லர் அதை நீட்டுவதோடு நிற்பதில்லை, இடத்துக்கு இடம் கனத்தை மாற்றுகிறார். பிடியருகே ஐந்தாறு மில்லிமீட்டர் இருக்கும் முதுகு நுனியை நோக்கி மெலிந்துகொண்டே போகிறது. கடையில் தொங்கும் வெட்டுக்கத்திகளில் பெரும்பாலானவை ஒரே கனமுள்ள தகட்டிலிருந்து அச்சில் வெட்டியெடுக்கப்பட்டவை. பிடியருகே என்ன கனமோ அதே கனம்தான் நுனியிலும். கையில் எடுத்துப் பார்க்கும்போது இந்த வேறுபாடு பெரிதாகத் தெரியாது. காலையிலிருந்து நண்பகல்வரை ஓங்கி ஓங்கி வெட்டும் மணிக்கட்டுக்குத் தெரியும். நுனி கனத்தால் ஒவ்வொரு வீச்சையும் நிறுத்துவதற்குத் தனியாகப் பலம் செலவாகிறது. நுனி அளவுக்கு மீறி மெலிந்தால் கட்டையில் பட்டுத் துள்ளுகிறது. லாலாங் புல்லை வீசுகிறவருக்கு இரண்டு மில்லிமீட்டர் தகட்டுக்கத்தியே போதும், சொல்லப்போனால் அதுதான் நல்லது. புதர்த்தண்டையும் பழமரக் கிளையையும் மாறி மாறி வெட்டுகிறவருக்கு அடித்து மெலித்த கத்தி தருகிற வசதியைத் தகடு தராது. பட்டறைக் கத்தியின் மிகப் பெரிய பலமாக நான் கருதுவது இதைத்தான். பிடியின் வேலைப்பாடும் உறையின் அழகும் இதற்குப் பிறகுதான்.

ஆனால் அடிப்பதோடு கத்தி முடிந்துவிடாது. அதன் குணத்தைத் தீர்மானிப்பது துவைச்சல். எஃகு ஏறத்தாழ 770 டிகிரி செல்சியஸில் காந்தத்தை விட்டுவிடுகிறது. அதற்குச் சற்று மேலே சூடேற்றி எண்ணெயில் அமிழ்த்தினால் கண்ணாடிபோல் கடினமாகிவிடும், அப்படியே விட்டால் உடையும். அதனால் மறுபடி மெல்லச் சூடாக்கி இளக்க வேண்டும். துலக்கிய எஃகின்மேல் இருநூற்றுச் சொச்சம் டிகிரியில் வைக்கோல் நிறம் தோன்றும், பிறகு பழுப்பு, ஊதா, முந்நூறை ஒட்டி நீலம். எந்த நிறத்தில் நிறுத்துவது என்பதுதான் வித்தை. முதலில் காய்ச்சும் சூட்டைக் கணிப்பதும் நிறத்தை வைத்துத்தான். உலையை வெயில் படாத மூலையில் வைத்திருப்பதற்குக் காரணம் அதுவே. கனல் இரும்பின் நிறத்தை வெளிச்சத்தில் சரியாகப் படிக்க முடியாது. ஆலையில் இந்த வேலையை வெப்பமானி பொருத்திய சூளை செய்கிறது. ஆயிரமாவது கத்தியும் முதல் கத்தியைப் போலவே வெளிவரும். கொல்லருக்கு ஒரு நாள் உடம்பு சரியில்லை என்றால் அன்றைய கத்தியில் அது தெரியலாம். ஓடித் தேய்ந்த ஸ்பிரிங்கில் கண்ணுக்குத் தெரியாத கீறல் இருந்தால் அது கத்திக்குள்ளும் வந்துவிடும். ஆலைக் கத்தியை விரும்புகிறவர்கள் சொல்லும் இந்தக் குறையை நான் முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். பட்டறைக்குச் சார்பாகச் சொல்லக்கூடியது ஒன்று உண்டு: கைதேர்ந்த கொல்லர் வாயை மட்டும் கடினமாக்கி முதுகை இளகலாக விட்டுவிட முடியும். அப்படிப்பட்ட கத்தி வளையும், எளிதில் முறியாது. ஆனால் அது கைதேர்ந்தவருக்கு மட்டுமே உரிய பலன். பெயர் தெரியாத பட்டறையில் வாங்கிய கத்தியைவிட நல்ல ஆலைக் கத்தி பத்திரமானது.

கத்தியைப் பார்த்து மட்டும் துவைச்சலின் தரத்தைச் சொல்லிவிட முடியாது என்பதால்தான் அமெரிக்கக் கத்திக் கொல்லர்கள் 1976இல் தொடங்கிய சங்கம் ஒரு கடுமையான தேர்வை வைத்திருக்கிறது. தேர்வுக்கு வருகிறவர் தாம் அடித்த ஒரே கத்தியால் தொங்கும் ஓரங்குலக் கயிற்றை ஒரே வீச்சில் அறுக்க வேண்டும், பிறகு மரச்சட்டத்தை இரண்டு முறை வெட்டித் துண்டாக்க வேண்டும், அதற்குப் பிறகும் அந்த வாய் கைமயிரைச் சிரைக்க வேண்டும். கடைசியில் கத்தியை இடுக்கியில் பிடித்து 90 டிகிரிக்கு வளைப்பார்கள், முறியக் கூடாது. தேர்வு முடியும்போது அந்தக் கத்தி பாழாகியிருக்கும். வாடிக்கையாளருக்குக் கிடைப்பது சோதிக்கப்பட்ட கத்தி இல்லை, சோதிக்கப்பட்ட ஆள்தான். சான்றிதழ் இல்லாத ஜொகூர்ப் பட்டறைக்கும் இந்த அளவுகோல் பொருந்தும். அங்கே தேர்வு நடப்பது வாடிக்கையாளர்கள் மத்தியில். வாய் மடங்கிய கத்தியையும், விளிம்பு பெயர்ந்த கத்தியையும் எடுத்துக்கொண்டு அவர்கள் திரும்பி வருவார்கள் என்று தெரிந்த கொல்லர் துவைச்சலில் அசட்டையாக இருக்க முடியாது. திரும்பி வர முடியாத தொலைவில் இருக்கிறவருக்கு விற்கும்போது அந்தக் கட்டுப்பாடு போய்விடுகிறது. நேர்த்தியான படம் பார்த்து, தபாலில் வரவழைக்கும் கைவேலைக் கத்தி எனக்கு நம்பிக்கை தராததற்குக் காரணம் இதுவே.

ஆலைக் கத்தியின் சீரான துவைச்சலும் வாங்கியவர் கைக்கு வந்தபின் எத்தனை நாள் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். வெட்டுக்கத்திகள் பலவும் தீட்டாத வாயோடுதான் ஆலையைவிட்டு வருகின்றன. வாங்கியவர்கள் அவற்றை மின்சார அரைவட்டில் வைத்துத் தீப்பொறி பறக்கத் தீட்டுகிறார்கள். மெல்லிய வாய் நொடியில் சூடேறி நீலம் பாரித்துவிடுகிறது. நீலம் கண்ட இடத்தில் கடினம் போய்விட்டது என்று பொருள். சூளையில் பார்த்துப் பார்த்துச் செய்த வேலை அந்த இடத்தில் வீணாகி, பிறகு எத்தனை தீட்டினாலும் அங்கே கூர் நிற்காது. இரும்பு மட்டம் என்று ஆலையைத் திட்டுவார்கள். பட்டறைக்குப் போனால், கொல்லர் அந்தப் பகுதியை அரைத்துத் தள்ளி, தேவைப்பட்டால் மறுபடி துவைச்சல் போட்டுத் தருவார். பார்க்கப்போனால் பட்டறைகளின் பிழைப்பில் நல்ல பங்கு இந்தப் பழுதுவேலைதான், அதுவும் பெரும்பாலும் ஆலைக் கத்திகளுக்கு.

இந்த வாதத்துக்கு மிகக் கூர்மையான சான்று ரப்பர் மரத்தில் பால்வெட்டும் கத்தி. பிரேசில் காடுகளில் சிறு கோடரியால் கொத்திப் பால் எடுத்தார்கள், மரம் முடிச்சு முடிச்சாகப் புண்பட்டது. சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்துக்கு 1888இல் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி, பட்டையைக் கொத்தாமல் ஒரே வெட்டுக்கோட்டில் மெல்லிய சீவலாகச் சீவியெடுக்கும் முறையை 1890களில் வகுத்தார். மரம் பட்டையைப் புதுப்பித்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் பால் தர முடிந்தது. மலாயாவின் தோட்டங்கள், அவற்றுக்கென்று தமிழ்நாட்டிலிருந்து வந்த குடும்பங்களின் வாழ்க்கை, எல்லாம் அந்தச் சீவலின்மேல்தான் நின்றன. பால்குழாய்கள் அடர்ந்திருப்பது பட்டையின் உட்பகுதியில், வளர்படலத்துக்கு வெகு அருகில். அதனால் வெட்டு ஆழமாகப் போக வேண்டும். ஆனால் படலத்தைத் தொடக் கூடாது. ஒரு மில்லிமீட்டரை ஒட்டிய பட்டை மிஞ்சியிருக்க வேண்டும். தொட்டால் காயம், காயம் ஆறும் இடத்தில் முண்டு, முண்டு வந்த இடத்தில் அடுத்த சுற்றில் சீராகச் சீவ முடியாது. விடியுமுன் தொடங்கி 500, 600 மரங்களை வெட்டும் ஒருவர் இந்த ஒரு மில்லிமீட்டரை இருட்டில் கைநிதானத்தில் காக்கிறார். மலேசியாவில் பரவலாகப் புழங்கும் ஜெபோங் கத்தியின் வாய் முக்கோணமாக மடங்கியிருக்கும், இழுத்து வெட்டுவது. அந்த மடிப்பின் கோணமும், உள்மூலையின் கூரும்தான் சீவலின் கனத்தைத் தீர்மானிக்கின்றன. கடையில் வரும் கத்தி ஒரு பொதுக்கோணத்தில் வருகிறது. அதை அரத்தாலும் உள்மூலைக்குப் போகும் கல்லாலும் தம் கைக்கும், தம் மரத்தின் பட்டைக்கும் தக்கபடி மாற்றிய பிறகுதான் அனுபவசாலிகள் மரத்தில் வைப்பார்கள். அச்சில் பிறந்த கத்தி தொழிலாளியின் கையில் தனிக்கத்தியாகிறது. அப்படியானால் கொல்லர் எதற்கு? நாள்பட அரத்தால் ராவி ராவி மடிப்பு குட்டையாகும்போது, அதை மறுபடி சூடேற்றி விரித்து மடிக்க அரம் போதாது, உலை வேண்டும்.

செம்பனையில் கதை வேறு. இளமரத்துக் குலையை உளியால் குத்தி வெட்டுகிறார்கள். மரம் உயர்ந்த பிறகு நீண்ட அலுமினியக் கம்பத்தின் முனையில் பொருத்திய அரிவாளால் மட்டையையும் குலையையும் இழுத்து அறுக்கிறார்கள். கத்தி தலைக்கு மேலே பல மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே எடை கூடக் கூடக் கழுத்தும் தோளும் படும் பாடு கூடும். ஒரே எடை, ஒரே வளைவு, கம்பத்தில் கச்சிதமாகப் பொருந்தும் காம்பு ஆகிய மூன்றும் ஆலைச் சரக்கில்தான் உறுதி. ஒன்று போனால் அதே அளவில் இன்னொன்றை உடனே மாட்ட முடிகிறது. இதில் நான் தயங்காமல் ஆலையின் பக்கம். மலேசிய செம்பனை வாரியம் மோட்டார் பொருத்திய வெட்டுக் கருவியையே உருவாக்கிக் கொடுத்திருக்கிறது. இந்த வேலை போகும் திசை அது.

பட்டறைத் தொழில் அழிந்துவிடக் கூடாது என்பதற்காகவாவது கொல்லரிடம் வாங்க வேண்டாமா என்று கேட்பார்கள். அந்தக் கவலை எனக்கும் உண்டு. ஆனால் தமிழ்நாட்டின் திருப்பாச்சேத்தி அரிவாள் பெயர் பெற்றது அனுதாபத்தால் இல்லை, அதை வாங்கியவர்களின் வேலை அதைக் கேட்டதால். பார்வைக்கு மாட்டிவைக்க ஒரு கத்தி வாங்குகிறவரால் பட்டறைக்கு ஒரு நாள் வருமானம். பழுதுக்கு ஆண்டுதோறும் வருகிறவர்களால்தான் உலை அணையாமல் இருக்கும். இன்னொரு மறுப்பு, கைக்கு அளந்து செய்த பிடி தரும் சுகம் பற்றியது. பிடி என்பது மரம். பழைய பாராங்கில் காம்பை அரக்கு வைத்துப் பிடிக்குள் இறுக்கியிருப்பார்கள், கழற்றி வேறு பிடி போடுவது யாராலும் ஆகும். வார்த்த பிளாஸ்டிக் பிடியில் அது முடியாது என்பது ஆலைக் கத்தியின் உண்மையான குறைதான். இடக்கைக்காரர்களின் நிலை இன்னும் தனி. சரவாக்கின் பாராங் இலாங் போல ஒரு பக்கம் குழிந்து மறுபக்கம் புடைத்த கத்தி வலக்கைக்கென்று செய்தால் இடக்கையில் ஓடாது. அப்படிப்பட்ட கத்தி வேண்டும் இடக்கைக்காரருக்குக் கொல்லரைவிட்டால் வழியில்லை.

கொல்லரே எட்டாத இடத்தில் என்ன செய்வது என்பதற்கு ஜொகூரிலேயே பழைய விடை இருக்கிறது. 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் மலாயாக் காடுகளுக்குள் போன பிரிட்டிஷ் படைவீரர்கள் பலரிடம் இருந்தது பர்மிங்காமில் மார்ட்டின்டேல் ஆலை செய்த கோலோக் என்ற வெட்டுக்கத்தி. வடிவம் இந்த மண்ணுடையது, உற்பத்தி இங்கிலாந்துடையது. பாதுகாப்பாகப் பிடிக்கக் கூடியதாகவும், ஒரு கல் இருந்தால் தாமே தீட்டிக்கொள்ளக் கூடியதாகவும் இருக்க வேண்டும் என்பதே வீரருக்குத் தேவை. இன்றைய தோட்டங்களில் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் வந்து வேலை செய்கிறவர்களின் நிலையும் ஏறக்குறைய அதுதான். ஊர்ப் பட்டறையோடு அவர்களுக்குத் தலைமுறைப் பழக்கம் இல்லை, கடைத்தெருவுக்குப் போய்வர நேரமும் இல்லை. அவர்களுக்கு நான் சொல்வது ஆலைக் கத்தியைத்தான், அதோடு ஒரு நல்ல அரமும் தீட்டுக்கல்லும். தீட்டுவதற்குப் பொழுதும் வேண்டும். குலைக் கணக்கிலும் பால் எடையிலும் கூலி வாங்குகிறவர் கல்லின்முன் உட்கார்ந்திருக்கும் நேரத்துக்கு யாரும் காசு கொடுப்பதில்லை. அதனால்தான் அரைவட்டில் வைத்து அவசரமாக வாயை எரித்துக்கொள்கிறார்கள். மழுங்கிய கத்தியால் மரத்தில் விழும் காயத்தின் நட்டம் தோட்டத்துக்குத்தான். அப்படியிருக்க, தீட்டும் நேரத்தை வேலைநேரமாகக் கணக்கிட வேண்டும் என்பதைத் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் கூலிப் பேச்சில் வைக்கலாம், சிறுதோட்டக்காரர்கள் தாங்களாகவே நடைமுறைப்படுத்தலாம். பட்டறை எட்டும் தொலைவில் இருக்கும் தோட்டங்கள் மாதம் ஒரு முறை கத்திகளைத் திரட்டி அங்கே அனுப்பி, செலவைத் தங்கள் கணக்கில் எழுதிக்கொள்ளலாம்.