நெடுந்தீவில் ஒரு நாள்

யாழ்ப்பாணத்தில் மக்கள் வாழும் தீவுகளில் நெடுந்தீவே மிகத் தொலைவிலுள்ளது. குறிகட்டுவானிலிருந்து படகில் ஒரு மணி நேரம் கடலில் ஆடியாடிப் போய்ச் சேர்ந்தோம். எங்கும் சாந்தின்றி அடுக்கிய முருகைக்கல் வேலிகள். வெட்டவெளியில் மேயும் மட்டக்குதிரைகள்.

1990 ஒக்டோபரில் யாழ்ப்பாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது, வாப்பா சோனகத் தெருவை விட்டுப் புத்தளம் வந்தவர். அவரோடு படித்த மாமாவின் வீட்டுக்கே குடும்பமாகப் போனோம்.

எங்களுக்கென்றே வாங்கிய புதுச்சட்டியில் மாமி மீன்குழம்பு ஆக்கியிருந்தார். ளுஹர் நேரமானதும் மாமா புதுப்பாயை விரித்தார். "கிப்லா இஞ்சாலைதானே, மச்சான்?" என்று கேட்டார். வாப்பாவுக்குப் பேச்சு வரவில்லை.

இழந்த வீட்டைப் பற்றி வாப்பா அடிக்கடி சொல்வார். இழக்காததையும் அன்று கண்டேன்.