பழைய தேரைப் பேணுதல்

புதிய பொருளை வாங்கப் பணம் போதும். பழைய பொருளை வைத்து வாழப் பொறுமையும் வேண்டும். பாட்டி விட்டுச் சென்ற வெண்கல உருளிக்கும் கூடத்துக் கடிகாரத்துக்கும் இது பொருந்தும் என்றால், ஒரு காலத்தில் செல்வர்கள் ஏறி உலவிய காருக்குப் பன்மடங்கு பொருந்தும். அத்தகைய கார் ஒன்று பெங்களூரில் எங்கள் வீட்டு வாசலில் நிற்கிறது. 1993ஆம் ஆண்டில் பதிவு செய்யப்பெற்ற கான்டெஸா கிளாசிக் அது. அதன் சிறு பழுதுகளில் பெரும்பாலானவற்றை நாங்களே பார்த்துக்கொள்கிறோம்.

கான்டெஸாவின் பிறப்பு சுவையானது. இங்கிலாந்தின் வாக்ஸால் நிறுவனம் 1970களின் பிற்பகுதியில் செய்து கைவிட்ட ஒரு காரின் உடலமைப்பைக் கொண்டு, கல்கத்தாவை அடுத்த உத்தரபாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் 1984 முதல் இதை உருவாக்கியது. தொடக்கத்தில் உள்ளே இருந்தது அம்பாஸிடரின் 1489 சி.சி. எஞ்சின்தான். அத்தனை பெரிய உடலை இழுக்க அதற்கு மூச்சு போதவில்லை. ஜப்பானிய இசுஸுவின் 1.8 லிட்டர் எஞ்சினும் ஐந்து கியர்களும் வந்த பிறகே தோற்றத்துக்கு ஏற்ற நடை அமைந்தது. 2002இல் இதன் உற்பத்தி நின்றது. 2014இல் உத்தரபாரா ஆலையும் வேலையை நிறுத்தியது. செய்தவர் கைவிட்ட பொருளுக்கு வைத்திருப்பவரே பொறுப்பு. காலம் போகப் போக இத்தகைய கார்களின் விலை இறங்கிவிடுகிறது. அவற்றின் தேவைகள் இறங்குவதில்லை.

பழைய காருக்கு முதற்பகை ஓட்டமன்று, தண்ணீர். இந்நகரின் ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பும் சுண்ணமும் நிறைந்தது. அதை ரேடியேட்டரில் ஊற்றினால் குழாய்களின் உட்புறம் காறை படிந்து நீரோட்டம் குறையும், இரும்பு துருப்பிடிக்கும். காய்ச்சி வடித்த நீரும் கூலன்ட்டும் சரிபாதியாகக் கலந்து ஊற்றுவதே முறை. எங்கள் காரில் தெர்மோஸ்டாட்டையே காணோம். எஞ்சின் சூடேறும் வரை நீரோட்டத்தைத் தடுத்து, உரிய சூடு வந்தபின் திறந்துவிடும் சிறு வால்வு அது. சிவாஜிநகரில் ஒரு மூத்த மெக்கானிக்கிடம் கேட்டோம். “நம்ம ஊரு வெயிலுக்கு எதுக்குன்னு அந்தக் காலத்துல கழட்டிப் போட்டுடுவாங்க சார்” என்று சிரித்தார். அது இல்லாவிட்டால் எஞ்சின் உரிய சூட்டை அடையவே நெடுநேரம் ஆகும், பெட்ரோலும் கூடுதலாகச் செலவாகும், தேய்மானமும் மிகும். மீண்டும் பொருத்தியபின் காலையில் எஞ்சினின் முனகல் விரைவில் அடங்கியது.

இரண்டாம் பகை, முதுமையடைந்த ரப்பர். குழாய்கள், புஷ்கள், கதவோரப் பட்டைகள் யாவும் ஓடாமல் நின்றாலும் வெடிக்கும். இப்போது பெட்ரோலிலும் மாற்றம் வந்திருக்கிறது. 2025இல் எத்தனால் கலப்பு நாடெங்கும் 20 விழுக்காட்டை எட்டியது. எத்தனால் ஈரத்தை ஈர்க்கும். அதை எண்ணிச் செய்யப்படாத பழைய ரப்பரை உப்பவும் இளகவும் செய்யும். எஞ்சின் அருகே பெட்ரோல் கசிந்தால் முடிவு தீயே. ஆகவே டாங்கி முதல் கார்புரேட்டர் வரை பெட்ரோல் குழாய்கள் அனைத்தையும் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றினோம். மாதந்தோறும் விரலால் தடவி ஈரம் பார்க்கிறோம்.

மின்சாரக் கோளாறுகள் பெரும்பாலும் எளியவை. விளக்கு மங்கினால் பல்பைக் குறைகூறுமுன் எர்த் கம்பி உடலோடு சேரும் இடத்தைப் பார்க்க வேண்டும். துருவை உப்புத்தாளால் தேய்த்து, திருகை முடுக்கினால் பாதி நோய் தீரும். தொடுமுன் பாட்டரியின் எதிர்முனையைக் கழற்றிவிடுவது கட்டாயம். மழைக்காலத்துக்கு முன் முன்கண்ணாடியின் அடியிலும் கதவுகளின் அடியிலும் உள்ள வடிதுளைகளைக் குச்சியால் துழாவுகிறோம். தெருமரங்கள் உதிர்க்கும் இலைகள் அவற்றை அடைத்துக்கொண்டால், தேங்கும் நீர் ஓசையின்றித் தகட்டைத் தின்னும்.

வீட்டில் செய்யத்தகாத வேலைகளும் உண்டு. ஜாக்கியை மட்டும் நம்பிக் காரின் அடியில் படுக்கலாகாது. உறுதியான தாங்கிகள் வேண்டும். சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறக்கலாகாது. பிரேக் எண்ணெய் காற்றின் ஈரத்தை உறிஞ்சுவதால் இரண்டாண்டுக்கு ஒருமுறை அதை மாற்றும் நாளை நாங்கள் குறித்துவைப்போம். ஆனால் பிரேக்கையும் ஸ்டியரிங்கையும் பிரித்துக் கோப்பதைத் தேர்ந்தவரிடமே விடுகிறோம். சிக்கனம் பார்க்கும் இடம் அதுவன்று.

உதிரிப்பாகம் தேடுவது தனிக்கதை. இதே இசுஸு எஞ்சின் 1990களில் அம்பாஸிடரிலும் வந்ததால் எஞ்சின் சாமான்கள் ஜே.சி. ரோட்டில் இன்னும் அகப்படுகின்றன. விளக்குக் கண்ணாடி, கதவுக் கைப்பிடி போன்றவைதாம் அரியவை. ஊருக்குப் போகும்போதெல்லாம் சென்னைப் புதுப்பேட்டையில் அரைநாள் கழிவது எங்கள் வழக்கமாகிவிட்டது. இங்கேயுள்ள கடைகளில் கன்னடம், உருது, தமிழ் மூன்றும் கலந்து ஓடும். ஸ்பேனர் ‘பானா’வாகும், திருப்புளி ‘பேச்கஸ்’ ஆகும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை வாசலில் வேலை நடக்கும்போது எங்கள் பிள்ளைகளின் காதில் விழுபவை குறடு, அரம், சுத்தியல், திருப்புளி ஆகியவையே. பள்ளியில் இரண்டாம் மொழியாகவும் தமிழ் படிக்க வாய்ப்பில்லாதவர்கள் அவர்கள். மரை தேய்ந்து சுழலும் நட்டு ஒன்றைக் கையில் பிடித்த அன்றுதான், ‘மரை கழன்றவன்’ என்று தாத்தா யாரையோ திட்டியதன் பொருள் அவர்களுக்கு விளங்கியது. பாடநூல் தராத தமிழைக் கைக்கருவி தந்துவிடுகிறது.

ஆயினும் பழமையின்மேல் உள்ள பற்று கண்ணை மறைக்கலாகாது. இந்தக் காரில் காற்றுப்பை இல்லை. சறுக்கலைத் தடுக்கும் நவீன பிரேக் அமைப்பும் இல்லை. ஆகவே இரவில் நெடுஞ்சாலைக்கு இதை எடுப்பதில்லை. சென்னைக்கு ரயிலிலேயே போகிறோம். பதினைந்து ஆண்டு கடந்த சொந்தக் காரின் பதிவை ஐந்தாண்டுக்கு ஒருமுறை, தகுதி பார்த்துப் புதுப்பிக்க வேண்டும் என்பது சட்டம். எங்கள் காருக்கு அடுத்த தவணை 2028இல் வருகிறது.

அந்தத் தேர்வுக்கு முன்பே எங்கள் தேர்வு நடந்துவிடும். ஆண்டுதோறும் மழை ஓய்ந்தபின் தரைவிரிப்புகளை நீக்கி, அடித்தகட்டையும் வாசற்படிக்குக் கீழுள்ள பெட்டித்தகட்டையும் திருப்புளியின் பிடியால் தட்டிப் பார்க்கிறோம். மேலே படிந்த துருவுக்கு மருந்து உண்டு. எடை தாங்கும் தகடு பொத்தென்று ஒலித்தால், அதற்குமேல் மனைவி மக்களை அதில் ஏற்ற உரிமையில்லை. பிறரிடமே விட்டிருந்தால் பளபளக்கும் வண்ணத்தைக் கண்டு நாங்களும் மயங்கியிருப்போம். கையால் தொட்டுப் பேணியதால், எத்தனை நாள் வைத்திருக்கலாம் என்பதும் எந்த நாளில் விடைகொடுக்க வேண்டும் என்பதும் எங்களுக்கு மறைவில்லை. சென்ற ஐப்பசியில் தட்டியபோது ஒலி கணீரென்று இருந்தது.